அந்தியில் கூடு சேராத குஞ்சுகள்



குருமனையின் பின்புறத்தில் நாங்கள் கோழி வளர்ப்பது உங்களில் பலருக்குத் தெரியும். சில மாதங்களுக்கு முன் பன்னிரண்டு நாட்டுக்கோழிக் குஞ்சுகளை வாங்கினோம். இரண்டு மாதம் நிரம்பியவை. இயந்திரத்தில் பொரித்தவையாதலால் தாய்க்கோழியின் செட்டையை அறியாதவை. மரச்சட்டமும் கம்பிவலையும் கொண்டு நல்ல கூடு ஒன்றைச் செய்து வைத்திருந்தேன். மறுநாள் காலையிலேயே அவற்றைத் திறந்துவிட்டேன். பொழுது சாய்ந்தால் கோழி தானே வந்து அடையும் என்பது என் எண்ணம்.

அந்தியாயிற்று. நான்கு குஞ்சுகள் முருங்கை மரத்தில் ஏறிக்கொண்டன. மற்றவை துவைகல்லின் மறைவில் ஒன்றின்மேல் ஒன்றாய் ஒடுங்கின. நானும் என் மகனும் கம்பை எடுத்துத் துரத்தினோம். துரத்தத் துரத்த அவை கூட்டை விட்டு இன்னும் விலகி ஓடின. ஒருவழியாக எட்டைப் பிடித்து அடைத்தோம். மரத்தில் இருந்த நான்கையும் பார்த்து, "இருக்கட்டும், பட்டால் தெரியும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டேன். விடிந்தபோது மரத்தடியில் இறகுகள் சிதறிக் கிடந்தன. மரநாயோ வெருகோ, இரண்டைக் கொண்டுபோயிருந்தது.

நம் சபையின் மூத்த தாயார் ஒருவர் இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. "ஐயா, அதுக்கு வீடு எதுன்னு நீங்க சொல்லவே இல்லியே. பொறவு எப்படி வரும்?" என்றார். அவர் சொல்லிக் கொடுத்தபடியே செய்தேன். ஒரு வாரம் முழுவதும் குஞ்சுகளைக் கூட்டுக்குள்ளேயே வைத்தோம். தண்ணீரும் தீனியும் அங்கேயே. ஏழு இரவுகள் அதே கட்டையில் உறங்கி எழுந்தால், அந்த இடமே தன் இடம் என்று கோழி மனத்தில் பதித்துக்கொள்ளுமாம். எட்டாம் நாள், பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது மட்டும் திறந்தோம். பசியோடு வெளியே வந்தவை தூரம் போகவில்லை. கம்பையும் குருணையையும் கூட்டுக்குள்ளே இறைத்து, "பா, பா" என்று ஐயரம்மா அழைத்தபோது ஆறு குஞ்சுகள் உள்ளே நுழைந்தன.

மற்ற நான்கும் வாசலிலேயே நின்றன. அதன் காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கிற்று. மங்கிய வெளிச்சத்தில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. வெளியே இன்னும் வெளிச்சம் இருக்க, கூட்டின் உள்ளே இருண்டிருந்தால், அந்த வாசல் அதற்கு ஒரு குகை போலத் தோன்றும். உள்ளே ஒரு சிறு விளக்கை ஏற்றி வைத்தோம். இரண்டு உள்ளே போயின. எஞ்சிய இரண்டையும் நன்றாக இருட்டிய பின் கையில் எடுத்துக் கட்டையில் வைத்தோம். இருளில் கோழி சாந்தமாகிவிடும், முரண்டு பிடிப்பதில்லை. இப்படியே இரண்டு வாரம், ஒரு நாளும் தவறாமல்.

முருங்கையில் ஏறியது கீழ்ப்படியாமை என்று நான் நினைத்ததும் தவறு. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் காட்டுக்கோழிகள் இன்றும் இரவில் மரக்கிளையில்தான் தங்குகின்றன. உயரத்தைத் தேடுவது அந்த இனத்தின் சுபாவம். கூட்டுக்குள் உயரமான கட்டையை நாம் வைக்காதபோது அது மரத்தைத் தேடுகிறது. பழகிய கோழிகளே ஒருநாள் கூட்டுக்குள் போக மறுத்தால், முதலில் கூட்டைச் சோதிக்க வேண்டும்: செள் பற்றியிருக்கலாம், காற்றோட்டமின்றிப் புழுங்கலாம், பாம்பு புகுந்திருக்கலாம். மூத்த கோழிகள் கொத்தி விரட்டுவதும் உண்டு. கோழிகளிடையே கொத்தும் வரிசை ஒன்று இருப்பதை நார்வே நாட்டு ஆய்வாளர் ஷெல்டரூப்-எப்பே 1920களின் தொடக்கத்தில் எழுதினார். நல்ல கட்டை மூத்தவற்றுக்கு. புதிதாய் வந்தது மூலைக்கு, அல்லது வெளியே.

இதை நான் ஏன் எழுதுகிறேன் என்பதை இந்நேரம் சிலர் ஊகித்திருப்பீர்கள். வாலிபர் கூட்டத்துக்கு வராதவர்களின் பெயரை ஆராதனையில் வாசிக்க வேண்டும் என்று நம் சேகரக் கமிட்டியில் இரண்டு முறை கேட்கப்பட்டது. கேட்டவர்கள் சபையை நேசிக்கிறவர்கள். பிள்ளைகள் வெளியே இருட்டில் நிற்கிறார்கள் என்ற பயத்தில்தான் கேட்டார்கள். ஆயினும் நான் அதற்கு இணங்கவில்லை, இணங்கப் போவதுமில்லை. அது கம்பை எடுத்துத் துரத்துவதற்கு ஒப்பானது. அந்தப் பிள்ளைகளுக்கு இந்த ஆலயத்தில் எந்தக் கட்டையை நாம் வைத்தோம்? அவர்கள் முன் வரிசையில் உட்கார்ந்தால் "அது பெரியவர்கள் இடம்" என்று எழுப்புகிறவர்கள் யார்? பாடல் தெரிந்தெடுப்பதிலிருந்து அசனத்துக்கு அரிசி வாங்குவதுவரை அவர்களை நாம் எதில் கேட்டோம்?

என் பங்கையும் மறைக்கக் கூடாது. சென்ற கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு, இரண்டு ஆண்டு வராதிருந்த ஒரு தம்பி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான். பிரசங்க பீடத்திலிருந்து நான், "வழி தெரிந்ததா?" என்று கேட்டேன். வேடிக்கையாகத்தான் கேட்டேன், சபை முழுவதும் சிரித்தது. அவனும் சிரித்தான். அதற்குப் பின் அவன் வரவில்லை. வாசல்வரை வந்த குஞ்சை விரட்டியவன் உங்கள் போதகன்.

லூக்கா 13ஆம் அதிகாரத்தை இந்த வாரம் வாசியுங்கள். ஏரோதை நரி என்று சொன்ன ஆண்டவர், அடுத்த சில வசனங்களிலேயே தம்மைக் குஞ்சுகளைச் சேர்க்கிற கோழிக்கு ஒப்பிடுகிறார். நரிக்கு எதிராக அவர் ஒரு சிங்கத்தைச் சொல்லியிருக்கலாம். செட்டையை விரித்து நிற்பதைத் தவிர வேறு ஆயுதமில்லாத ஒரு பறவையைச் சொன்னார். குஞ்சுகள் வர மனதில்லாதிருந்ததற்காக அவர் துக்கப்படுகிறார், விரும்புவதை விடவில்லை. சேர்க்க விரும்பியது ஒருமுறையன்று, பலமுறை என்பதையும் கவனியுங்கள். பத்துக் குஞ்சுகளைச் சேர்க்கவே எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று.

பத்தில் ஒரு பெட்டை இன்னும் முருங்கையை விடவில்லை. இருட்டியதும் டார்ச் விளக்கோடு போய், அதை இறக்கிக் கூட்டில் வைக்கிறேன். நேற்றும் போனேன், கையில் எடுத்தபோது கண்ணை மூடிக்கொண்டு பேசாமல் இருந்தது. அந்தத் தம்பியின் வீட்டுக்கு வியாழக்கிழமை மாலை போகிறேன். மன்னிப்புக் கேட்பதற்காக மட்டும் போகிறேன் என்று அவன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.