ருசி பார்க்கிறார்களாம், ருசி!

லண்டன், பாரிஸ், கேப்டவுன், சான்பிரான்சிஸ்கோ – இந்த நகரங்களில் எந்தப் பேட்டைக்குள் நுழைந்தாலும் மாலை நேரத்தில் இந்தக் காட்சியைக் காணலாம். தெருமுனையில் ஒரு சின்ன பார். நாலைந்து சிநேகிதர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். ஆளுக்கு மூன்று நாலு கண்ணாடிக் கோப்பைகள். ஒவ்வொன்றிலும் அடியில் மட்டும் கொஞ்சம் ஒயின். கோப்பையைச் சாய்த்து நிறம் பார்க்கிறார்கள். சுழற்றுகிறார்கள். மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்க்கிறார்கள். பிறகு ஒரு வாய் இழுத்து, நாக்கில் உருட்டி, அபிப்பிராயம் சொல்லுகிறார்கள். இதில் ஈரக் கல்லின் வாசனை என்கிறார் ஒருவர். இல்லை, பதனிட்ட தோலின் வாசனை என்கிறார் இன்னொருவர். புகையிலை வாடையும் உண்டாம்!

ஒயின் என்றால் திராட்சைச் சாற்றைப் புளிக்க வைத்து எடுக்கும் மது. நம் ஊரில் ஜனங்கள் 'ஒயின் ஷாப்' என்று சொல்லுகிற கடையை இங்கே நினைத்துக் கொள்ள வேண்டாம். அது வேறு சங்கதி.

தொழிலாகச் செய்கிறவர்கள் ஒயினை ருசி பார்த்துவிட்டுத் துப்பிவிடுவார்கள். ஒரு நாளில் ஐம்பது அறுபது புட்டிகளை ருசி பார்க்க வேண்டியவன் அத்தனையையும் விழுங்கினால் என்ன ஆவான்? சிநேகிதர்கள் கூடும் பாரில் விழுங்குகிறவர்கள்தான் அதிகம். ஆனாலும் துப்புவதற்கென்று ஒரு பாத்திரம் மேஜையில் இருக்கும். அந்தப் பாத்திரத்தைத் தோழர்கள் ஞாபகம் வைத்துக் கொள்ள வேண்டும். பின்னால் அது தேவைப்படும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் கோடீஸ்வரர்கள் அல்ல. குமாஸ்தா இருப்பார், பள்ளி ஆசிரியர் இருப்பார், ஆஸ்பத்திரி நர்ஸ் இருப்பார். நாள் முழுவதும் வேலை பார்த்துவிட்டு, சம்பளத்தில் மிச்சம் பிடித்ததைக் கொண்டு சிநேகிதர்களோடு ஒரு மணி நேரம் சந்தோஷமாக இருக்க வந்தவர்கள். அவர்கள் குடிக்கிறார்களே என்று குற்றப் பத்திரிகை வாசிக்க நான் வரவில்லை. நம் சண்டை வேறு. அந்த மேஜையில் கோப்பையைப் பார்த்து நூறு கேள்வி கேட்கிறார்கள். ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்பதில்லை. அதைப் பற்றித்தான் நம் சண்டை.

ருசி பார்ப்பது முழுப் பித்தலாட்டம் என்றும் சொல்ல மாட்டேன். பழகிய நாக்குக்கு நல்ல சரக்கும் கெட்டுப்போன சரக்கும் தெரியத்தான் செய்யும். நெல்லை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்தே ஈரம் சொல்லுகிற விவசாயி இல்லையா? ஆனால் அந்த நாக்கின் ஜம்பத்துக்கும் ஒரு எல்லை உண்டு. பிரான்சில் போர்டோ நகரத்தில் ஒரு பரிசோதனை செய்தார்கள். 2001ல் அதன் முடிவு வெளியாயிற்று. ஒயின் சாஸ்திரம் படிக்கும் 54 மாணவர்களிடம் ஒரு வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். அதே வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து அதையும் கொடுத்தார்கள். வெள்ளையாக இருந்ததற்கு வெள்ளை ஒயினுக்குச் சொல்லும் வர்ணனைகளைச் சொன்னார்கள். சாயம் கலந்ததற்குச் சிவப்பு ஒயினுக்கு உரிய வர்ணனைகளைச் சொன்னார்கள்! இரண்டும் ஒரே சரக்கு! கண் சொன்னதை மூக்கு கேட்டது. மாணவர்களை நான் பரிகாசம் செய்யவில்லை. மனிதனுக்கு அப்படித்தான். எதைக் கண்ணுக்குக் காட்டுகிறார்களோ அதைத்தான் நாக்கும் தேடும்.

அப்படியானால் கண்ணுக்கு எதைக் காட்டுகிறார்கள்? புட்டியின் லேபிளைப் பாருங்கள். என்ன திராட்சை, எந்த வருஷத்து அறுவடை, எந்தப் பள்ளத்தாக்கு, எந்தப் பண்ணை, சாராயச் சத்து நூற்றுக்கு எத்தனை என்று எல்லாம் அச்சடித்திருக்கும். பாரில் பரிமாறுகிறவர் இன்னும் விரிவாகச் சொல்லுவார். மலைச்சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது, மண்ணில் சுண்ணாம்பு எவ்வளவு, அந்த வருஷம் மழை எப்படி என்றெல்லாம் சொல்லுவார். மண்ணுக்குப் பேர் உண்டு, காற்றுக்கு உண்டு, முதலாளியின் தாத்தாவுக்கும் உண்டு. குனிந்து குனிந்து குலையை அறுத்துக் கூடையில் போட்டு முதுகில் சுமந்த கைக்கு மட்டும் பேர் கிடையாது. அந்தக் கைக்கு எத்தனை கூலி கொடுத்தாய் என்று கேட்டால், சிநேகிதர்கள் கூடிச் சந்தோஷமாக இருக்கும் இடத்தில் இதெல்லாம் எதற்கு என்று முகத்தைச் சுளிப்பார்கள்.

எதற்கு என்று சொல்லுகிறேன். தென்னாப்பிரிக்காவின் கேப் பிரதேசத்தை எடுத்துக் கொள்ளுங்கள். லண்டன் பாரில் அந்த ஊர் ஒயின் சாதாரணமாகக் கிடைக்கும்.

கேப்பில் முதல் ஒயின் பிழியப்பட்டது 1659 பிப்ரவரி 2ந் தேதி. டச்சுக் கம்பெனியின் தளபதி வான் ரீபெக் தன் நாட்குறிப்பில் அதை எழுதி வைத்தான். அதற்குப் பிறகு பண்ணைகள் பெருகின. வேலைக்கு ஆள் வேண்டுமே! கம்பெனி அடிமைகளைக் கப்பலில் ஏற்றிக் கொண்டு வந்தது. மடகாஸ்கரிலிருந்து வந்தார்கள், வங்காளத்திலிருந்து வந்தார்கள், மலபாரிலிருந்து வந்தார்கள். நம்முடைய சோழமண்டலக் கரையிலிருந்தும் வந்தார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரைப் பறித்துவிட்டு, வாங்கியவன் ஒரு பெயரை வைத்து, அதன் பின்னால் 'வான் கோரமண்டல்' என்று எழுதினான். கோரமண்டல்காரன் என்று அர்த்தம். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் டச்சுக்காரன் கொடி பறந்த காலம் அது. கேப்பில் கான்ஸ்டன்ஷியா என்ற பண்ணையின் இனிப்பு ஒயினுக்கு ஐரோப்பிய ராஜாக்கள் காத்துக் கிடந்தார்கள். செயின்ட் ஹெலினா தீவில் சிறையிருந்த நெப்போலியனுக்கும் அது போயிற்று. நெப்போலியன் குடித்தான் என்பதைப் பெருமையாக இன்றைக்கும் சொல்லி விற்கிறார்கள். அந்தத் தோட்டத்தில் வேலை செய்தது அடிமைகள் என்பதை எத்தனை மேஜையில் சொல்லுகிறார்கள்?

1834ல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. அதற்குப் பிறகும் 'தொழில் பழகுகிறவர்கள்' என்று பெயர் மாற்றி நாலு வருஷம் அதே பண்ணையில் கட்டிப் போட்டார்கள். 1838ல் விடுதலை. ஆனால் விடுதலையான மனிதன் எங்கே போவான்? நிலம் பண்ணையாரிடம், குடிசையும் பண்ணையாரிடம். சரி, கூலியாவது ரொக்கமாகக் கிடைத்ததா? அங்கேதான் இருக்கிறது விஷயம்.

'டாப்' என்று ஒரு முறை. கூலியில் ஒரு பங்கை ஒயினாகவே கொடுப்பது! காலையில் வேலை தொடங்குமுன் ஒரு தகரக் குவளை, நடுவில் ஒன்று, சாப்பாட்டு வேளையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று, வேலை முடிந்ததும் ஒன்று. இப்படி நாள் முழுவதும் ஊற்றுவார்கள். புட்டியில் அடைத்துக் கப்பலேற்றும் உயர்ந்த சரக்கா? இல்லை. சந்தையில் விலைபோகாத மட்டமான சரக்கு. பண்ணையாருக்கு இதில் இரட்டை லாபம். விற்காத சரக்கு கூலியாகக் கழிந்துவிடும். அதோடு, குடிக்குப் பழக்கிவிட்டால் ஆள் வேறு பண்ணைக்குப் போக மாட்டான். பதினேழாம் நூற்றாண்டில் வேர்விட்ட இந்த முறை இருபதாம் நூற்றாண்டு முழுவதும் சாகவில்லை. ஒரு தடவை தடை செய்தார்கள், ஒழியவில்லை. 2003ல் தென்னாப்பிரிக்காவின் மதுச் சட்டம், கூலிக்குப் பதிலாக மதுவைக் கொடுக்கக் கூடாது, மதுவுக்கென்று கூலியில் பிடித்தம் செய்யவும் கூடாது என்று மறுபடியும் எழுத வேண்டியிருந்தது. யோசித்துப் பாருங்கள், 2003ல்!

இப்போது அந்தத் துப்பும் பாத்திரத்தை நினைவுக்குக் கொண்டு வாருங்கள். மதுவை அதிகம் விழுங்கினால் புத்தி தடுமாறும் என்று தெரிந்து, நாகரிகமாகத் துப்புவதற்கு ஒரு பாத்திரம் வைத்தார்கள் நிபுணர்களுக்கு. அதே திராட்சையைப் பறித்தவனுக்கு எந்தப் பாத்திரத்தை வைத்தார்கள்? அவன் துப்பினால் கூலியையல்லவா துப்ப வேண்டும்! தலைமுறை தலைமுறையாக விழுங்கினார்கள். அதன் பலன் இன்றும் அங்கே இருக்கிறது. தாயின் வயிற்றில் இருக்கும்போதே மதுவால் மூளையும் வளர்ச்சியும் பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகள், உலகத்தில் ஆராய்ந்து பார்த்த இடங்களில், கேப்பின் ஒயின் பிரதேசத்தில்தான் மிக அதிகம் என்று டாக்டர்கள் பல வருஷங்களாக எழுதி வருகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, "கூலிக்காரன் என்றால் குடிகாரன்தானே" என்று பேசுகிற கனவான்களுக்கு அங்கேயும் பஞ்சமில்லை. குடிக்கப் பழக்கியவன் பெயர் லேபிளில் தங்க எழுத்தில். பழகிப்போனவன் பெயர் போலீஸ் புத்தகத்தில். என்ன நியாயம் இது?

சரி, இப்போதாவது? 2011 ஆகஸ்டில் 'ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்' என்ற அமைப்பு அந்தப் பிரதேசத்தின் பழத் தோட்டங்களையும் ஒயின் பண்ணைகளையும் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. குடியிருக்கத் தகாத வீடுகள், பூச்சிமருந்து தெளிக்கும்போது பாதுகாப்பு இல்லாமை, சங்கம் சேரத் தடை, வீட்டைவிட்டு விரட்டுதல் – இதுதான் அதில் உள்ள சேதி. அடுத்த வருஷமே ஹெக்ஸ் நதிப் பள்ளத்தாக்கில் டி டூர்ன்ஸ் என்ற ஊரில் வேலை நிறுத்தம் வெடித்தது. அது ஒயின் திராட்சையல்ல, சாப்பிடும் திராட்சை. ஆனாலும் கத்தி பிடிக்கும் கை ஒன்றுதானே? சட்டப்படியான குறைந்தபட்ச நாள்கூலி 69 ராண்ட். கேட்டது 150. தேசிய நெடுஞ்சாலையை மறித்தார்கள். போராட்டம் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் பரவியது. மூன்று உயிர் போயிற்று. 2013 மார்ச் 1 முதல் கூலி 105 ராண்ட் ஆயிற்று. ஒரேயடியாகப் பாதிக்கு மேல் உயர்வு! பண்ணையார்கள் மனம் இளகியா கொடுத்தார்கள்? அதற்கு முன்னூறு வருஷம் அவகாசம் இருந்ததே!

இதெல்லாம் ஆப்பிரிக்காவில்தான், ஐரோப்பாவில் நாகரிகம் உண்டு என்று யாரேனும் சொன்னால், பிரான்சின் ஷாம்பேன் பிரதேசத்தைக் காட்டுங்கள். கல்யாணத்துக்கும் பந்தய வெற்றிக்கும் நுரை பொங்க உடைக்கிறார்களே, அந்த ஒயின் பிறக்கும் இடம். 2023 செப்டம்பர் அறுவடையில் கடும் வெயிலில் திராட்சை பறித்த கூலியாட்கள் சிலர் சுருண்டு விழுந்து செத்தார்கள். அதே அறுவடையில் மாலி, செனகல், மாரிடேனியா, ஐவரி கோஸ்ட் தேசங்களிலிருந்து பிழைக்க வந்த ஐம்பதுக்கு மேற்பட்டவர்களை, மனிதன் குடியிருக்க முடியாத ஒரு கட்டிடத்தில் அடைத்து வைத்து வேலை வாங்கியது வெளிப்பட்டது. 2025 ஜூலையில் கோர்ட்டு மூன்று பேருக்குத் தண்டனை கொடுத்தது. குற்றத்தின் பெயர் என்ன தெரியுமா? மனித வியாபாரம்.

"இதையெல்லாம் பாரில் பேச வேண்டுமா? பார் அரசியல் பேசும் இடமா?" என்று கேட்பார்கள். பார் அரசியல் பேசும் இடம்தான் ஐயா! உங்கள் ஒயினின் சரித்திரமே அப்படிச் சொல்லுகிறது. தெற்குப் பிரான்சில் ஆர்ஜலியே என்ற கிராமத்தில் மார்சலன் ஆல்பெர் என்பவர் ஒரு சின்ன மதுக்கடை நடத்தி வந்தார், சொந்தமாகக் கொஞ்சம் திராட்சையும் பயிரிட்டார். சர்க்கரையும் தண்ணீரும் கலந்த போலி ஒயின் சந்தையில் குவிந்து, விலை விழுந்து, சிறு விவசாயியும் தினக்கூலியும் பட்டினி கிடந்த காலம். 1907 மார்ச் 11ந் தேதி அவரோடு 87 பேர் நார்போன் நகரத்துக்கு நடந்தார்கள். ஜூன் 9ந் தேதி மோன்பெலியே நகரத்தில் ஐந்து லட்சம் பேர் திரண்டார்கள்! கிளெமென்சோ சர்க்கார் பட்டாளத்தை அனுப்பியது. நார்போனில் ஜனங்களைச் சுட்டார்கள். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் நிறைந்த 17ஆம் காலாட்படை, ஜனங்களைச் சுட மாட்டோம் என்று கலகம் செய்தது. அந்த மாதம் முடிவதற்குள் போலி ஒயினைத் தடுக்கச் சட்டம் வந்தது. இன்றைக்குப் பாரிஸ் பாரில் உட்கார்ந்து கலப்படமில்லாத ஒயினை ருசி பார்க்கிறவருக்கு, அந்த ருசி இவர்கள் வாங்கிக் கொடுத்தது.

அமெரிக்காவிலும் உண்டு. கலிபோர்னியாவில் டெலேனோ பகுதியில் 1965 செப்டம்பர் 8ந் தேதி பிலிப்பினோ திராட்சைத் தொழிலாளிகள் வேலையை நிறுத்தினார்கள். லாரி இட்லியாங் அவர்களுக்குத் தலைவர். எட்டு நாளில் சீசர் சாவேஸ் தலைமையில் மெக்சிகோ வம்சத்துத் தொழிலாளிகளும் சேர்ந்தார்கள். அமெரிக்காவில் 1935ஆம் வருஷத்துத் தொழிற்சங்கச் சட்டம் விவசாயத் தொழிலாளியை ஒதுக்கி வைத்திருந்தது. சட்டம் துணையில்லை. அவர்கள் என்ன செய்தார்கள்? குடிக்கிறவர்களிடம் போனார்கள். ஷென்லி என்ற பெரிய மதுக் கம்பெனிக்கு அங்கே ஒயின் திராட்சைத் தோட்டம் இருந்தது. ஷென்லி சரக்கை வாங்காதீர்கள் என்று நகரம் நகரமாகக் கேட்டார்கள். 1966 வசந்தத்தில் டெலேனோவிலிருந்து சேக்ரமென்டோ வரை முன்னூறு மைல் நடந்தார்கள். நடை முடியுமுன்பே ஷென்லி பணிந்து சங்கத்தை அங்கீகரித்தது. பாரில் கோப்பையைத் தள்ளி வைத்த கை, வயலில் கத்தி பிடித்த கையோடு சேர்ந்தது. அவ்வளவுதான் ரகசியம்.

நம் காலத்திலேயும் நடந்திருக்கிறது. 2016 ஆகஸ்டில் கேப்பில் ராபர்ட்சன் ஊர் ஒயின் ஆலைத் தொழிலாளிகள், மாதம் 8,500 ராண்ட் சம்பளம் கேட்டு வேலை நிறுத்தம் செய்தார்கள். பதினாலு வாரம் தாக்குப் பிடித்தார்கள். வயல்காரர்கள் அல்ல இவர்கள். புட்டி நிரப்புகிறவர்கள், பெட்டி அடுக்குகிறவர்கள் – மில் தொழிலாளி மாதிரி. கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. நூற்றுக்கு எட்டு, அல்லது 400 ராண்ட், எது அதிகமோ அது என்று முடிந்தது. ஆனால் அந்த வாரங்களில் டென்மார்க்கில் 'பிட்டர் கிரேப்ஸ்' என்ற படம் கேப்பின் பண்ணைகளைப் பற்றி டெலிவிஷனில் காட்டப்பட்டது. ஐரோப்பாவில் ஒயின் வாங்குகிறவர்கள் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள், கடைக்காரர்கள் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

ஆகவே, ருசி பார்க்கிற நண்பர்களே, நிறம் பாருங்கள், மோந்து பாருங்கள், ஈரக் கல்லைக் கண்டுபிடியுங்கள். யாரும் தடுக்கவில்லை. அடுத்த புட்டியைத் திறப்பதற்கு முன்னால், பறித்தவருக்கு நாள்கூலி என்ன, பண்ணையில் சங்கம் உண்டா, தங்கும் இடம் எப்படி என்று பரிமாறுகிறவரைக் கேளுங்கள். நியாயமான வேலை நிலைமை என்று சில புட்டிகளில் முத்திரை குத்துகிறார்கள். முத்திரையைப் பார்த்ததும் திருப்தியடைந்துவிட வேண்டாம். சங்கமில்லாத பண்ணையில் பரிசோதகர் வந்து நின்றால், பண்ணையார் வீட்டில் குடியிருக்கிறவன் வாயைத் திறப்பானா? பரிமாறுகிறவருக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம், அவரும் கூலிக்கு நிற்கிறவர்தான். பார் முதலாளியைக் கேட்கச் சொல்லுங்கள். அவர் மொத்த வியாபாரியைக் கேட்கட்டும். மொத்த வியாபாரி பண்ணையாருக்குக் கடிதம் எழுதட்டும். பதில் வருகிற வரைக்கும் அந்தப் புட்டி அலமாரியிலேயே இருக்கட்டும்.