பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு எந்தக் கப்பலில் திருப்பி அனுப்புவீர்கள்?



நம்மவர்கள் கூடும் எந்தச் சாப்பாட்டுக் கடையிலும் அரைமணி நேரம் உட்கார்ந்தால் இந்தப் பேச்சு காதில் விழும்: "பங்களாக்காரன் வந்தான், நாடு கெட்டது. திருட்டு, வழிப்பறி எல்லாம் அவனாலதான். ஐசி இல்லாத எல்லாரையும் பிடிச்சு அனுப்பணும்." பக்கத்து மேசையில் இருப்பவரும் தலையாட்டுவார். தேநீர் கொண்டுவந்து வைக்கும் பையன் பங்களாதேஷ்காரனாக இருப்பான். அவனுக்குத் தமிழ் புரியும் என்பது யாருக்கும் தோன்றாது.

நானும் ஒரு காலத்தில் தலையாட்டியவன்தான். அந்தத் தலையாட்டல் 2021இல் ஒரு இரவோடு நின்றது.

இரவு பதினொரு மணிக்கு ஓர் அம்மாள் தொலைபேசியில் அழைத்தார். கார் கழுவும் கடையில் வேலை செய்யும் 19 வயது மகனைச் சாலைத் தடுப்பில் நிறுத்தி இருக்கிறார்கள். ஐசி கேட்டிருக்கிறார்கள். இல்லை. "ஓராங் மானா?" என்று கேட்டதற்கு, "ஓராங் சினி" என்று சொல்லி இருக்கிறான். இந்த ஊர்க்காரன் என்று சொன்னது கிண்டலாகப் பட்டிருக்கிறது போலும். ஓர் அறை விழுந்தது. பக்கத்துத் தாமானில் நடந்த வீட்டுத் திருட்டு ஒன்றில் சந்தேக நபர் என்று எழுதி லாக்கப்பில் போட்டுவிட்டார்கள். மறுநாள் மாஜிஸ்திரேட் முன்பு நான்கு நாள் தடுப்புக் காவல் கேட்டார்கள், கிடைத்தது. திருட்டுக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை என்பது இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. இவனைக் குடிநுழைவுத் துறையிடம் ஒப்படைக்க வேண்டும், நாடு கடத்த வேண்டியவன் என்றார் ஓர் அதிகாரி.

அந்த அம்மாள் வாய் பேசாதவர் போல ஓரமாக நின்றவர், அப்போதுதான் பேசினார். "லாயர் சார், எங்க திருப்பி அனுப்புவாங்க? பத்தாங் பெர்ஜுந்தாய்க்கா? அதுக்குக் கப்பல் தேவையில்லையே, 30 வெள்ளிக்கு டாக்சி இருக்கே."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அந்தக் குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன். உங்களில் பலருக்கு இது உங்கள் பெரியம்மா வீட்டுக் கதையாகவும் இருக்கும். பாட்டி தோட்டத்தில் பால் வெட்டியவர். 1957இல் மெர்டேக்கா வந்தபோது, ஓர் ஆண்டுக்கு மொழித் தேர்வு இல்லாமலே குடியுரிமைக்கு மனுச் செய்யலாம் என்று வாய்ப்பு இருந்தது. லயத்தில் இருந்தவர்களுக்கு அதை யார் சொன்னார்கள்? மனு போகவில்லை. பாட்டிக்குச் சிவப்பு அட்டை, நிரந்தரவாசி. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்றபோது, ஏறத்தாழ 60,000 தோட்டத் தொழிலாளர்கள் மூட்டை கட்டிக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். பாட்டி போகவில்லை. இங்கேயே புருஷனைப் புதைத்தார், இங்கேயே 1981இல் மகளைப் பெற்றார், லயத்து வீட்டில், மருத்துவச்சி கையால். பிறப்பைப் பதியவில்லை.

இந்த இடத்தில் சட்டத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். 1957 ஆகஸ்ட் 31 முதல் 1962 செப்டம்பர் வரை இந்த மண்ணில் பிறந்த பிள்ளைக்கு, அப்பா யார் அம்மா யார் என்று பார்க்காமலே குடியுரிமை உண்டு. தூதரகத்தார் பிள்ளைகள் போன்ற சில விலக்குகள் மட்டும்தான். 1962 அக்டோபருக்குப் பிறகு பிறந்த பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால் போதும். ஆக, சிவப்பு அட்டைப் பாட்டி பெற்ற அந்த மகள் சட்டப்படி இந்நாட்டுக் குடிமகள். காகிதப்படி அவர் பிறக்கவே இல்லை.

அவருக்குக் கோயிலில் தாலி ஏறியது. மாப்பிள்ளை நீல அட்டைக்காரர். 1982 மார்ச் முதல் முஸ்லிம் அல்லாதார் திருமணம் அனைத்தும் பதியப்பட வேண்டும் என்பது சட்டம். பெண்ணுக்கு ஐசி இல்லாதபோது எதை வைத்துப் பதிவது? மகன் அரசாங்க மருத்துவமனையில் பிறந்தான். அப்பன் குடிமகன்தானே என்பீர்கள். பதிவுத் திருமணம் இல்லை என்றால் அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை அந்தப் பிள்ளைக்குத் தாயைத்தான் பார்க்கச் சொல்கிறது. தாய்க்குக் காகிதம் இல்லை. சூராட் பெரானாக்கில் "புக்கான் வார்கானெகாரா" என்று அடித்துக் கொடுத்தார்கள். ஐயர் முன்னால் மூன்று முடிச்சு, ஊர் முன்னால் பந்தி, ஆனால் சட்டத்தின் முன்னால் அது கல்யாணமே இல்லை.

பன்னிரண்டு வயதில் வகுப்பே ஐசி எடுக்கப் போனபோது அவன் மட்டும் போகவில்லை. அந்த ஆண்டே அப்பா அரசியலமைப்பின் 15ஏ பிரிவின் கீழ் மனுச் செய்தார். ஆண்டுக் கணக்கில் காத்திருந்து வந்த பதில் ஒரு பக்கம்; நிராகரிக்கப்பட்டது என்று இருந்தது, ஏன் என்று இல்லை. இரண்டாவது மனுவுக்கும் அதே கடிதம், தேதி மட்டும் வேறு. கவுண்டரில் காரணம் கேட்டதற்கு, புத்ராஜெயாவில் கேளுங்கள் என்றார்கள். அங்கே போனால், மனுக் கொடுத்த இடத்தில் கேளுங்கள். போக்குவரத்துக்கும் இழந்த நாள் சம்பளத்துக்கும் அந்தக் குடும்பம் செலவழித்ததைக் கூட்டினால் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கி இருக்கலாம். இப்போது பையனுக்கு 21 தாண்டிவிட்டது. அவன் மனுச் செய்த காலத்தில் 15ஏ கதவுக்கு வயது வரம்பு 21. நாடாளுமன்றம் 2024இல் நிறைவேற்றிய அரசியலமைப்புத் திருத்தம் அதை 18ஆகக் குறைக்கிறது.

அந்தத் திருத்தத்தில் நல்லதும் உண்டு. வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்க்குத் தந்தைக்குச் சமமான உரிமை கிடைத்தது. அதற்காகப் போராடிய தாய்மார்களுக்குத் தலைவணங்குகிறேன். கண்டெடுக்கப்பட்ட குழந்தைகளைப் பாதிக்கும் பகுதிகளை அரசாங்கம் கடும் எதிர்ப்புக்குப் பிறகு மீட்டுக்கொண்டது. ஆனால் நிரந்தரவாசிகளின் பிள்ளைகளுக்குப் பிறப்பாலேயே கிடைத்த குடியுரிமையை நீக்கும் பகுதி அப்படியே நிறைவேறியது. சிவப்பு அட்டை என்றால் யார்? தலைநகரில் பங்களா வாங்கிய வெளிநாட்டு முதலாளி மட்டுமா? நம் பாட்டிகளும்தான். 2018இல் அரசாங்கமே, 60 வயதைக் கடந்த சிவப்பு அட்டை இந்தியர்கள் 3,407 பேருக்குக் குடியுரிமை தருவோம் என்று கணக்குச் சொன்னது நினைவிருக்கும். அறுபதுக்குக் கீழே இருப்பவர்களை அந்தக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை. இனிமேல் அவர்கள் வீட்டில் பிறக்கும் பிள்ளைக்கு மற்றப் பெற்றோரும் குடிமகன் இல்லை என்றால், அதுவும் மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

காத்திருக்காதவர்களும் உண்டு. 2025இல் ஏழு கால்பந்து வீரர்கள் மலேசியக் குடிமக்கள் ஆனார்கள். ஜூன் மாதம் வியட்நாமை 4-0 என்று வென்றபோது நானும் கைதட்டினேன், மறைக்கவில்லை. செப்டம்பரில் ஃபிஃபா அவர்கள் ஆவணங்கள் போலி என்று தண்டனை விதித்தது. நவம்பரில் மேல்முறையீடும் தள்ளப்பட்டது. இந்த நாட்டில் பிறந்ததாகக் காட்டப்பட்ட அவர்களுடைய தாத்தா பாட்டிகள் அர்ஜெண்டினா, பிரேசில், ஸ்பெயின், நெதர்லாந்து நாடுகளில் பிறந்தவர்கள் என்றது ஃபிஃபா. தவறு யாருடையது என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. ஃபிஃபா வெளியிட்ட தீர்ப்பில் உள்ள ஒரு செய்திதான் என்னைத் தூங்கவிடவில்லை: பழைய கையெழுத்துப் பதிவுகள் கிடைக்காததால், பிற நாடுகளிலிருந்து வந்த இரண்டாம் நிலைத் தகவல்களையும் நகல்களையும் வைத்து நம் பதிவுத் துறை உறுதிப்படுத்தியதாம்.

மூலப் பத்திரம் இல்லாவிட்டாலும் வேறு தகவல் போதும் என்ற இந்தப் பெருந்தன்மை நம் தோட்டத்துப் பாட்டிக்கு மட்டும் ஏன் இல்லை? கங்காணியின் சம்பளப் பட்டியல், தமிழ்ப்பள்ளிப் பதிவேடு, மருத்துவச்சியின் சத்தியப் பிரமாணம் என்று எத்தனை கொண்டு போனோம்! "மூலப் பத்திரம் எங்கே?" என்றுதானே கேட்டார்கள். பந்து உதைக்கத் தெரியாத குற்றமா?

குற்றம் என்றதும் அடுத்த பேச்சுக்கு வருகிறேன். 2013இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. உறுப்பினர்களில் பத்தில் ஏழு பேர் இந்தியர் என்றது. வெட்கமாகத்தான் இருந்தது. கத்தி தூக்கியவனுக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. அவன் வெட்டுவதும் பெரும்பாலும் நம்மவனைத்தான். ஆனால் ஐசி இல்லாத பையனுக்கு லைசென்ஸ் இல்லை, வங்கிக் கணக்கு இல்லை, சேமநிதி இல்லை, தொழிற்கல்லூரி இல்லை. அவனிடம் ஐசி கேட்காமல் வேலை கொடுக்கும் ஒரே முதலாளி யார் என்று யோசித்துப் பாருங்கள். என் கட்சிக்காரப் பையனுக்கும் அழைப்பு வந்தது, மாதம் இவ்வளவு என்று. கார் கழுவப் போனான். அவனைத்தான் லாக்கப்பில் போட்டார்கள்.

லாக்கப் நமக்கு வெறும் நான்கு சுவர் இல்லை. 2009இல் குகன், 2013இல் தர்மேந்திரன், 2021இல் கணபதி என்று, போலீஸ் காவலுக்குப் போய் உயிர் போனவர்களின் பெயர்கள் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். 2005இல் அரச விசாரணை ஆணையம் சுயேச்சையான ஒரு கண்காணிப்பு ஆணையம் வேண்டும் என்றது. 2023 ஜூலையில் ஒன்று இயங்கத் தொடங்கியது, தானே தண்டிக்கும் அதிகாரம் இல்லாமல்.

அந்தப் பங்களாதேஷ் பையனை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். 2023 டிசம்பரில் ஜொகூர் பெங்கெராங்கில் 171 பங்களாதேஷ் தொழிலாளர்கள், ஏஜெண்ட் வேலை கொடுக்காமல் ஏமாற்றிவிட்டான் என்று புகார் கொடுக்கப் போலீஸ் நிலையத்துக்கு நடந்தே போனார்கள். புகார் கொடுக்கப் போனவர்கள்தான் பிடிபட்டார்கள். கடன் வாங்கிக் கப்பல் ஏறி, சம்பளத்தில் கடன் கழிய ஆண்டுகள் போய், கங்காணி சொன்னதே சட்டம் என்று கிடந்த நம் கொள்ளுத்தாத்தாவுக்கும் இவனுக்கும் நிறம்கூட வேறு இல்லை. எல்லையைக் கட்டுப்படுத்தக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கட்டுப்பாடு வேண்டும், அது ஆளைக் கொண்டுவந்து தள்ளிக் காசு பார்க்கும் ஏஜெண்டிலிருந்து தொடங்க வேண்டும். "ஐசி இல்லாதவனைப் பிடி" என்று நாம் கூச்சல் போடும்போது, ரோந்துக் கார் முதலில் நிற்பது யார் வீட்டு வாசலில்?

வீட்டில் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கோயிலில் தாலி கட்டுவதற்கு முன்பே பதிவுத் திருமணத்தை முடியுங்கள். "அப்புறம் பார்க்கலாம்" என்ற அந்த ஒரு வார்த்தைதான் என் அலமாரியில் பாதிக் கோப்புகள். பிள்ளை பிறந்தால் 60 நாட்களுக்குள் பதியுங்கள், கணவன் மனைவி சண்டை என்றாலும் பதியுங்கள். பையனைப் போலீஸ் பிடித்தால், விசாரணைக்கு முன்பு குடும்பத்துக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்லும் உரிமை குற்றவியல் நடைமுறைச் சட்டம் 28ஏ பிரிவில் இருக்கிறது. அந்த எண்ணைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

பையனைக் குடிநுழைவு முகாமுக்கு அனுப்பாமல் மீட்டுவிட்டோம். ஐசி இன்னும் இல்லை. இப்போது தாயின் பிறப்பைப் பதியும் வேலையில் இறங்கி இருக்கிறோம். அவர் குடிமகள் என்று நிரூபித்தால் மகனும் குடிமகன். அந்தத் தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதி. தமிழ்ப்பள்ளி மட்டும் இடம் மாறி உயிரோடு இருக்கிறது. அங்கே போனோம். தலைமையாசிரியர் கரையான் அரித்த பெட்டி ஒன்றைத் திறந்தார். 1988ஆம் ஆண்டு முதலாம் வகுப்புப் பதிவேட்டில் அந்த அம்மாளின் பெயர், அவர் தாயின் பெயர், தோட்டத்து டிவிஷன் எண் எல்லாம் பவுண்டன் பேனா மையில் இருந்தன. முத்திரை குத்தி நகல் கொடுத்தார்.

உங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளியிலோ, கோயில் அலுவலகத்திலோ, பழைய கிராணி வீட்டிலோ இப்படிப் பெட்டிகள் கிடந்தால் குப்பையில் போடாதீர்கள். எங்களுக்குச் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறோம்.