ஓடற வண்டிக்கு எதுக்குங்க ஆயிலு?

"வண்டி நல்லாத்தானுங்களே ஓடுது, அப்புறம் எதுக்குங்க ஆயில் மாத்தோணும்?" கேரள எல்லையோரத்து மீனாட்சிபுரத்தில் யாரிடம் பேச்சை எடுத்தாலும் இதே பதில்தான் வருகிறது. பால் ஊற்றப் போகிறவரும் இதைத்தான் சொல்கிறார், காலேஜுக்குப் போகிற பையனும் இதைத்தான் சொல்கிறான். கேட்டுக் கேட்டு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது. ஓடுகிறது என்பது உண்மைதான். ஆயில் வற்றிப்போன எஞ்சினும் கொஞ்ச நாளைக்கு ஓடத்தான் செய்யும், கத்திக்கொண்டே ஓடும். அந்தக் கத்தலைத்தான் இந்த ஊரில் யாரும் காதில் வாங்குவதில்லை.

இங்கே வண்டி என்பது பலருக்குப் பிழைப்பு. இரண்டு பக்கமும் பால் கேன் தொங்கவிட்ட ஸ்ப்ளெண்டர், முன்னால் தீவன மூட்டையும் பின்னால் புல்லுக்கட்டுமாகப் போகிற எக்ஸெல், கள் இறக்கப் போகிறவரின் பழைய பாக்ஸர், அம்பராம்பாளையம் தாண்டிப் பொள்ளாச்சிக்கு ஷிஃப்டுக்குப் போகிற பிள்ளைகளின் பல்சர் என்று டிஎன் 41-ம் கேஎல் 70-மாகக் கலந்துதான் இந்த ரோட்டில் போகும். அந்த வண்டி ஒரு வாரம் நின்றால் வீட்டில் அடுப்பெரிவதே சிரமம் என்கிற குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் வண்டியிலிருந்துதான் அதிகச் சத்தம் வருகிறது. என் ஆதங்கம் அதனால்தான் இத்தனை பெரிதாக இருக்கிறது.

சத்தம் என்றால் எல்லாம் ஒரே சத்தமில்லை. காலையில் எடுத்ததும் எஞ்சினின் தலைப்பக்கம் டிக்டிக்கென்று லேசாகக் கேட்டால் பயப்பட வேண்டியதில்லை. வால்வுக்கும் ராக்கர் ஆர்முக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாக வேண்டும், அந்தச் சத்தம் அது. நன்றாகச் சூடான பிறகும் அதே டிக்டிக் ஓங்கி, பத்தடி தள்ளி நிற்பவருக்கும் கேட்கிறதென்றால் டாப்பெட்டைப் பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால், உள்ளே ஆயில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்ப்ளெண்டரில் இடதுபக்கம் கரகரவென்று உரசினால் டைமிங் செயின் தளர்ந்திருக்கிறது. வலதுபக்கம் கடகடவென்று வந்து, கிளட்ச்சைப் பிடித்ததும் மாறினால் அது கிளட்ச் சம்பந்தப்பட்டது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. பாரம் ஏற்றிக்கொண்டு மேடேறும்போது எஞ்சினின் அடிவயிற்றிலிருந்து டொக் டொக்கென்று கனமாக ஒரு சத்தம் வரும். அது கன்ராடும் கிராங்க்கும் சேருகிற இடத்தில் பேரிங் தேய்ந்துவிட்ட சத்தம். அதைக் கேட்ட பிறகும் ஒருவர் கேனை ஏற்றிக்கொண்டு போகிறார் என்றால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

சத்தம் வந்ததும் இங்கே செய்கிற வைத்தியத்தைப் பார்த்தால் இன்னும் வேதனை. மெக்கானிக்கிடம் போய், "அண்ணா, அந்த டாப்பெட் சத்தத்த மட்டும் நிறுத்திக் குடுங்க" என்பார்கள். அவரும் ஸ்பேனரை எடுத்து இடைவெளியே இல்லாமல் இறுக்கிவிடுவார். சத்தம் நின்றுவிடும். வண்டிக்காரர் சந்தோஷமாகப் போவார். ஆனால் சூட்டில் வால்வு நீளும். நீள இடமில்லாமல் இறுக்கிய வால்வு முழுதாக மூடாது. மூடாத வால்வின் விளிம்பை நெருப்பு தின்னும். கொஞ்ச நாளில் சூட்டோடு கிக்கர் அடித்தால் ஸ்டார்ட் ஆகாது, இழுவை இருக்காது, பெட்ரோல் குடிக்கும். சத்தமில்லாத எஞ்சின் எல்லாம் நல்ல எஞ்சின் இல்லை என்பதை எத்தனை பேருக்குச் சொல்வது! இன்னொரு வைத்தியம், 10டபிள்யூ-30 ஊற்ற வேண்டிய வண்டிக்குக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றுவது. கெட்டி ஆயில் சத்தத்தை அமுக்கும், தேய்ந்ததைச் சரிபண்ணாது. காலையில் எடுத்ததும் மேலே போய்ச் சேர அதிக நேரமும் எடுத்துக்கொள்ளும். மூன்றாவது வைத்தியம் பையன்களுடையது. சைலன்சரைக் கழற்றிவிட்டுத் திறந்த குழாயை மாட்டிவிடுகிறார்கள். அந்த அலறலில் எஞ்சின் சொல்வது எதுவும் அவர்கள் காதுக்கே எட்டாது. ஊரார் தூக்கம் கெடுவது தனிக்கதை.

அந்தக் கொஞ்சம் ஆயிலுக்கு எத்தனை வேலை இருக்கிறது என்று யோசித்துப் பார்க்கலாமே. ஸ்ப்ளெண்டரின் பிஸ்டன் ஐம்பது மில்லிமீட்டர் அகலம். எஞ்சின் நிமிஷத்துக்கு நாலாயிரம் சுற்றுச் சுற்றும்போது அந்தப் பிஸ்டன் நாலாயிரம் தடவை மேலே போய்க் கீழே வருகிறது. உலோகம் உலோகத்தைத் தொடாமல் நடுவே நிற்பது ஆயிலின் மெல்லிய படலம் மட்டுமே. காரில் ரேடியேட்டர் தண்ணீர் சூட்டை வாங்கிக்கொள்ளும். நம் நூறு சிசி வண்டிகளில் காற்று வாங்குவது போக மிச்சச் சூட்டை ஆயில்தான் சுமக்கிறது. கரியையும் இரும்புத் தூளையும் அடித்து வருவதும் அதுதான். போதாததற்கு, காரில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் தனித்தனி ஆயில். பைக்கில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் மிதக்கின்றன. கியர் பற்கள் அந்த ஆயிலை ஓயாமல் அரைத்து அதன் பிசுபிசுப்பைக் கெடுத்துக்கொண்டே இருக்கும். இத்தனையும் செய்வது ஒரு லிட்டரை ஒட்டிய ஆயில். அதில் கால் லிட்டர் குறைந்தால் என்ன ஆகும்? கேம் ஷாஃப்ட் இருப்பது எஞ்சினின் உச்சியில். பம்ப் அனுப்பும் ஆயில் அங்கேதான் கடைசியாகப் போய்ச் சேரும். குறைந்தால் முதலில் காய்வதும் அதுதான். தலைப்பக்கம் சத்தம் முதலில் கிளம்புவது அதனால்தான்.

பெரியவர்கள் இதை நம்பாததற்கு ஒரு காரணம் உண்டு, அதை நான் புரிந்துகொள்கிறேன். 1980-ல் டிவிஎஸ் 50 வந்தது, 1985-ல் ஆர்எக்ஸ் 100 வந்தது. அந்த டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கெல்லாம் ஆயில் பெட்ரோலோடு சேர்ந்தே எரிந்துவிடும். டிவிஎஸ் 50-க்கு பங்கில் பெட்ரோலோடு டூ-டி ஆயிலைக் கலந்து போட்டுக்கொண்டால் தீர்ந்தது, ஒவ்வொரு தடவையும் எஞ்சினுக்குப் புது ஆயில். அந்தப் பழக்கம் கைகளில் ஊறிவிட்டது. இதற்கிடையே ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்து, 1994-ல் ஸ்ப்ளெண்டர் வந்து, கடைசியில் 2015-ல் எக்ஸெல்லே ஃபோர் ஸ்ட்ரோக்காக மாறிவிட்டது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயில் எரிந்து தீராது. உள்ளேயே சுற்றிச் சுற்றிக் கெட்டுப்போகும். வண்டி மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை. "நான் டிவிஎஸ் பிப்டிய இருவது வருசம் ஓட்டுனனுங், ஒரு நாளும் ஆயில் மாத்துனதில்லீங்" என்று பெரியப்பா வயதுக்காரர் ஒருவர் பெருமையாகச் சொன்னார். அவர் சொன்னது சத்தியம். இப்போது அவர் ஓட்டுவது வேறு எஞ்சின் என்பதை அவருக்குச் சொல்ல ஒரு ஆளும் இல்லை.

நம் ஊர் ஓட்டமும் எஞ்சினுக்கு ஆகாத ஓட்டம். பால் எடுக்கிறவர் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும்தான் போகிறார். நூறு கிலோ பாரம், வேகம் இல்லை, வேகம் இல்லாததால் எஞ்சினுக்குக் காற்றில்லை. வீட்டு வாசலில் அணைத்து, திரும்ப எடுத்து, திரும்ப அணைத்து. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வாரி அடிக்கிற புழுதியும், தேங்காய் மஞ்சி மில்களின் தூசியும் ஏர் ஃபில்டரை அடைக்கின்றன. இந்த ஓட்டத்துக்குப் புத்தகத்தில் போட்டிருக்கிற கிலோமீட்டரை முழுசாக நம்பக் கூடாது. இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மூவாயிரத்துக்கும் நடுவே மாற்றிவிடுங்கள் என்று அனுபவப்பட்ட மெக்கானிக்குகள் சொல்வது நம் ஊருக்குச் சரியாக இருக்கும்.

சொசைட்டியில் ஒவ்வொருவர் பாலிலும் லாக்டோமீட்டரை விட்டுப் பார்க்காமல் அளப்பதில்லை. தமிழ்நாட்டிலிருந்து வருகிற டேங்கர் பாலைச் சோதித்து உள்ளே விட மீனாட்சிபுரத்தில் ஒரு சோதனைச் சாவடியே இருக்கிறது. அந்தப் பாலைச் சுமக்கிற வண்டியின் டிப்ஸ்டிக்கை மட்டும் மாசத்தில் ஒருநாள் வெளியே எடுத்துப் பார்க்க முடியவில்லை. மெயின் ஸ்டாண்டு போட்டு, கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்து, இரண்டு மூன்று நிமிஷம் பொறுத்து, குச்சியைக் கழற்றித் துணியில் துடைத்து, ஸ்ப்ளெண்டராக இருந்தால் மரையில் திருகாமல் சும்மா உள்ளே வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவே ஈரம் இருந்தால் சரி. காசு செலவில்லாத காரியம் இது.

போன மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு பட்டறையில் நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். பால்காரர் ஒருவரின் வண்டி, மேட்டில் முக்கி முக்கி நின்றுவிட்டது என்று தள்ளிக்கொண்டு வந்திருந்தார். மெக்கானிக் குச்சியைக் கழற்றினார். நுனியில் ஒரு சொட்டுகூட இல்லை. கீழே தட்டை வைத்து நட்டைக் கழற்றியதும் சொளசொளவென்று கொட்ட வேண்டிய ஆயில், தார் மாதிரி ஒரு நூலாக இறங்கி ஒரு டீ கிளாஸ் அளவோடு நின்றுவிட்டது. அதை விரலில் தொட்டு வெயிலில் காட்டினார். கறுப்புக்கு நடுவே வெள்ளி வெள்ளியாக மின்னியது. அதெல்லாம் எஞ்சினின் சதை. ஆயில் கறுப்பாக இருப்பதே தப்பு என்று சிலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை. கரியை வாங்கிக்கொள்வது அதன் வேலை, கறுக்கத்தான் செய்யும். இப்படி மின்னினால்தான் விஷயம் கைமீறிவிட்டது. "எத்தனை நாளாச்சுங்கண்ணா சத்தம் வந்து?" என்று மெக்கானிக் கேட்டார். "அது தீவாளியிலிருந்தே வந்துட்டிருக்குதுங்" என்றார் அவர். நானூறு ரூபாய்ச் சுற்றில் முடிந்திருக்க வேண்டியது, போர், பிஸ்டன், கிராங்க், கேம் என்று பல ஆயிரமாகிவிட்டது. வண்டி பட்டறையில் கிடந்த நாளெல்லாம் மனைவியும் மகனும் கேனை ஆட்டோ பிடித்து அனுப்பினார்கள். அந்த அம்மா பட்டறை வாசலில் வந்து நின்று, "சீட்டுப் பணத்த எடுத்துக் குடுத்துட்டேன், எப்பத்தானுங்க கெடைக்கும்?" என்று கேட்டதை என்னால் மறக்க முடியவில்லை.

மாற்றுகிறவர்களும் எதை ஊற்றுகிறோம் என்று பார்ப்பதில்லை. காருக்கு வாங்கியது மிச்சமிருக்கிறதே என்று பைக்கில் ஊற்றுகிறார்கள். பல கார் ஆயில்களில் வழுக்கலைக் கூட்டுகிற மருந்து சேர்த்திருப்பார்கள். பைக்கில் கிளட்ச் பிளேட்டும் அதே ஆயிலில் நனைவதால் பிளேட் வழுக்கும், முறுக்கினால் சத்தம் ஏறும், வண்டி ஏறாது. டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பழைய டப்பாவில் கண்ட ஆயிலை அடைத்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள். மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள், உங்கள் கண்முன்னால் ஊற்றச் சொல்லுங்கள், காலி டப்பாவில் அங்கேயே ஒரு ஓட்டை போட்டுவிட்டு வாருங்கள்.

வண்டி விற்கிறவர்கள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. தவணைக் கணக்கை வரிவரியாக விளக்குகிறவர்கள் ஆயில் கணக்கை ஒரு வார்த்தை சொல்வதில்லை. கையில் கொடுக்கிற புத்தகம் இங்கிலீஷில் இருக்கிறது. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்த இந்தப் பக்கத்து ஆள் அதை எங்கே புரட்டப் போகிறார்? ஃப்ரீ சர்வீஸ் இருக்கிறவரை வண்டி சர்வீஸுக்குப் போகும். அது முடிந்ததோடு ஆயில் மாற்றுவதும் முடிந்துவிடுகிறது.

கடைசியாக ஒன்று, இது மெக்கானிக் தம்பிகளுக்கு. கழற்றிய பழைய ஆயிலைப் பட்டறைக்குப் பின்னால் மண்ணில் ஊற்றாதீர்கள், வாய்க்காலில் விடாதீர்கள். பக்கத்தில் இருக்கிற பிளாச்சிமடையில் 2002 ஏப்ரலில் மயிலம்மாவும் மற்றப் பெண்களும் கொக்கோ கோலா கம்பெனி வாசலில் போராட்டத்தில் உட்கார்ந்தது கிணற்றுத் தண்ணீருக்காகத்தான். 2004-ல் அந்தக் கம்பெனி நின்றது. அப்படிக் காப்பாற்றிய நிலத்தடித் தண்ணீரில் நாமே இந்தக் கறுப்பு விஷத்தை இறக்கலாமா? பழைய ஆயில் அபாயக் கழிவு, அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பு நிறுவனத்துக்குத்தான் போக வேண்டும் என்று 2016-ம் வருஷத்து விதிகளே சொல்கின்றன. தனிப் பட்டறை ஒன்று ஐந்து லிட்டருக்காக அவர்களைத் தேடிப் போக முடியாதுதான். ஊராட்சி ஒரு டிரம் வைத்து, எல்லாப் பட்டறை ஆயிலையும் அதில் சேர்த்து, மாசம் ஒரு தடவை எடுத்துப் போகச் சொன்னால் போதும். வரப்போகிற கிராம சபையில் நான் இதைக் கேட்கப்போகிறேன். பட்டறைக்காரர்களும் வந்து கூடவே கேட்க வேண்டும்.