குடிமைப் பயிற்சி ஏட்டளவில் நிற்கலாமா?

குடியரசு நாட்டில் பிறக்கும் குழந்தை பிறப்பினாலேயே பிரஜையாகிவிடுகிறது. ஆனால் பிரஜைக்குரிய பழக்கங்கள் பிறப்புடன் வருவன அல்ல. பொதுக் காரியங்களில் தன் அபிப்பிராயத்தை அஞ்சாமல் கூறுதல், மாற்று அபிப்பிராயத்தைப் பொறுமையுடன் கேட்டல், பெரும்பான்மையோர் முடிவுக்குக் கட்டுப்படுதல், பொதுப் பணத்திற்குக் கணக்குக் காட்டுதல், பிறரிடம் கணக்குக் கேட்டல் ஆகியவற்றைப் பயின்றே பெறவேண்டும். இப்பயிற்சியைப் பள்ளிகளே தரவேண்டும் என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. அதைத் தரும் முறையில்தான் குறை இருக்கிறது. இது கல்வி இலாகாவின் விஷயம், நெசவாளருக்கும் விவசாயிக்கும் இதில் என்ன வேலை என்று நம் அங்கத்தினர்கள் ஒதுங்கிவிடலாகாது. இன்று பள்ளியில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளே நாளை நம் சங்கங்களின் அங்கத்தினர்கள்.

கொள்கையளவில் நமக்குக் குறைவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கிய டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-இல் அமைக்கப்பட்ட இடைநிலைக் கல்விக் குழு, அடுத்த ஆண்டு அளித்த அறிக்கையில், ஜனநாயகத்திற்கு ஏற்ற குடிமக்களை உருவாக்குவதைக் கல்வியின் முதன்மையான நோக்கங்களுள் ஒன்றாக வைத்தது. தெளிந்த சிந்தனை, ஒழுங்கு, ஒத்துழைப்பு, சகிப்புத்தன்மை ஆகிய பண்புகளை அது வற்புறுத்தியது. 1976-இல் அரசியலமைப்பில் அடிப்படைக் கடமைகள் சேர்க்கப்பட்டன. 1989 முதல் பதினெட்டு வயது நிரம்பியோர் வாக்குரிமை பெற்றனர். பள்ளிப் படிப்பு முடிவதும் வாக்குச்சாவடியின் கதவு திறப்பதும் இன்று ஏறக்குறைய ஒரே வயதில் நிகழ்கின்றன. ஆகவே, பள்ளியில் பெறாத பயிற்சியைப் பின்னர்ப் பெற்றுக்கொள்ளலாம் என்பதற்கு இடைவெளியே இல்லை.

நடைமுறை எவ்வாறு இருக்கிறது? பெருங்களத்தூரையே எடுத்துக்கொள்வோம். பேரூராட்சியாக இருந்த இவ்வூரில் 2011-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிவுற்றது. தமிழ்நாட்டின் ஏனைய நகர்ப்புற உள்ளாட்சிகளைப் போலவே இங்கும் உரிய காலத்தில் தேர்தல் நடைபெறவில்லை. நிர்வாகம் தனி அலுவலர் பொறுப்பில் விடப்பட்டது. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி அமைக்கப்பட்டபோது பெருங்களத்தூரும் அதனுள் அடங்கிற்று. எழுபது வார்டுகள் கொண்ட அம்மாநகராட்சிக்கு 2022 பிப்ரவரி 19-ஆம் நாள்தான் வாக்குப்பதிவு நிகழ்ந்தது.

2016 ஜூனில் இவ்வூர்ப் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்பில் சேர்ந்த ஒரு மாணவியை எண்ணிப் பாருங்கள். அவ்வகுப்பின் குடிமையியலில் உள்ளாட்சி அமைப்புகளைப் பற்றிய பாடம் உண்டு. மன்றம் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்படுகிறது, அதன் கடமைகள் யாவை என்றெல்லாம் அவள் படித்துப் பரீட்சையும் எழுதியிருப்பாள். ஆனால் ஆறாம் வகுப்பின் நடுவில் அவள் ஊரில் கலைந்த மன்றம், அவள் பதினோராம் வகுப்பில் பயிலும்போதுதான் மீண்டும் கூடியது. கண்ணெதிரே இல்லாத ஒன்றையே அவள் ஐந்தாண்டுகளுக்கு மேலாகப் புத்தகத்தில் கண்டாள். இது அவள் குற்றமும் அன்று. ஆசிரியர் குற்றமும் அன்று. ஊர்ப் பெரியவர்களாகிய நாம் அந்த ஐந்தாண்டுகளையும் பெரிய இழப்பாகக் கருதவில்லை என்பதே கவலைக்குரிய விஷயம். கூட்டுறவுச் சங்கங்களிலும் பல ஆண்டுகள் தனி அலுவலர் ஆட்சியைக் கண்டவர்கள் நம் மூத்த அங்கத்தினர்கள். தேர்தல் இல்லாமை பழகிப்போனால் உரிமை என்ற எண்ணமே மங்கிவிடும் என்பதை அவர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

பெருங்களத்தூரிலிருந்து தெற்கே செல்வோர் எளிதில் சென்றடையக்கூடிய உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்ட ஊரில் ஏரி வாரியத்திற்கும் தோட்ட வாரியத்திற்கும் உறுப்பினரைத் தேர்ந்த முறையை அவை கூறுகின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் வாரியம் ஏறலாகாது என்பது அவ்விதிகளுள் ஒன்று. நிலமுடைய ஆடவர்க்கே உரிய சபையாதலால் அதை இன்றைய ஜனநாயகத்திற்கு ஒப்பிடுதல் பொருந்தாது. எனினும் கணக்கைப் பற்றிய அவ்விதி நம் சங்கங்களுக்கும் பாடமாகும். மற்றொரு செய்தியும் உண்டு. குடத்திலிருந்து ஓலையை எடுக்க, உள்ளிருப்பதை அறியாத ஒரு சிறுவனை நிறுத்தினர். அன்று அறியாமையே சிறுவனுக்குத் தகுதியாயிற்று. இன்று அவன் அறிந்தவனாக வளர வேண்டும்.

அதற்கு வழி என்ன? பாவு மட்டும் இருந்தால் துணியாகாது, ஊடையும் வேண்டும். பாடம் பாவு என்றால், பொதுக் காரியத்தைத் தாமே நடத்திப் பார்ப்பது ஊடை. இதற்குப் பள்ளிக் கூட்டுறவுப் பண்டகசாலையைக் காட்டிலும் பொருத்தமான சாதனம் இல்லை என்பது நம் உறுதியான அபிப்பிராயம். மாணவர் கூட்டுறவுப் பண்டகசாலைகள் நம் மாநிலத்திற்குப் புதியன அல்ல. பிரான்சு நாட்டில் பள்ளிக் கூட்டுறவுகளுக்கென 1928-இல் மைய அமைப்பு ஒன்று ஏற்பட்டது. மலேசியாவில் 1968 முதல் பள்ளிக் கூட்டுறவுகள் நடைபெற்று வருகின்றன.

நோட்டுப் புத்தகமும் எழுதுகோலும் விற்கும் சிறு கடைதானே என்று எண்ண வேண்டா. என்ன விலைக்கு வாங்குவது, எவ்வளவு லாபம் வைப்பது, கையில் காசில்லாத தோழனுக்குக் கடன் கொடுக்கலாமா, இருப்பில் இரண்டு நோட்டுகள் குறைந்தால் யார் பொறுப்பு, ஆண்டு முடிவில் மிஞ்சியதைப் பங்கிடுவதா, நூலகத்திற்கு அளிப்பதா என்ற கேள்விகள் ஒவ்வொன்றும் குடிமைப் பாடமே. அதிகப் பங்கு வைத்திருப்பவனுக்கும் ஒரு வாக்கு. ஒரே பங்கு வைத்திருப்பவனுக்கும் ஒரு வாக்கு. இந்த ஒரு விதியைப் பன்னிரண்டு வயதில் கையாண்ட பிள்ளை, சமத்துவம் என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டு அகராதியைத் தேடமாட்டான்.

இதற்குத் தடை கூறுவோரும் உளர். பள்ளியில் தேர்தல் வைத்தால் கட்சியும் சாதியும் நுழைந்துவிடும் என்பர். இவ்வச்சம் வீண் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் தேர்தல் இல்லாத வகுப்பிலும் சாதி நுழைந்திருப்பதை நாம் காண்கிறோம். தலைமை ஆசிரியரே மாணவர் தலைவனை நியமித்துவிட்டு அதற்கு மாணவர் பேரவை என்று பெயரிடுவதால் அந்நோய் தீராது. பொறுப்புகளைச் சுழல்முறையில் மாற்றுவதும், ஆண் பெண் இருபாலாரும் எல்லாப் பகுதிப் பிள்ளைகளும் பணப்பெட்டியையும் பதிவேட்டையும் கையாளச் செய்வதும், முடிவுகளை எல்லாரும் அறிய எழுதி வைப்பதுமே மருந்தாகும். ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே வேலைச் சுமை மிகுதி என்பதும் உண்மை. இங்கேதான் நம் சங்கங்கள் துணை நிற்கவேண்டும்.

அங்கத்தினர்கள் முன் மூன்று யோசனைகளை வைக்கிறோம். முதலாவது, கூட்டுறவுக் கல்வியைச் சங்கத்தின் கடமையாக நம் கொள்கையே கூறுகிறது. ஆகவே ஒவ்வொரு சங்கமும் அருகிலுள்ள ஒரு பள்ளியைத் தேர்ந்து, பண்டகசாலை தொடங்க உதவுக. பருவத்திற்கு ஒரு முறை சங்கச் செயலாளர் சென்று கணக்கெழுதும் முறையைக் கற்பித்து வருக. இரண்டாவது, நம் பொதுப்பேரவைக் கூட்டத்திற்கு ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்களைப் பார்வையாளராக அழைப்போம். ஐந்தொகையை முன்கூட்டியே வகுப்பில் வாசித்துவிட்டு அவர்கள் வரட்டும். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கையில் கணக்கை வாசிக்காமலே ஏற்றுக்கொள்ள நமக்கும் கூச்சம் உண்டாகும்! மூன்றாவது, 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். குழுவில் பாதிப் பேர் பெண்கள். பெற்றோராகிய நம் அங்கத்தினர்கள் அக்குழுவில் கையொப்பம் மட்டும் இடாமல், கேள்வி கேட்டுப் பங்கு கொள்ளவேண்டும்.

ஊராட்சியிலும் வாயில் திறந்தே இருக்கிறது. 2022 நவம்பர் 1-ஆம் நாள் நகர்ப்புறங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் கூட்டப்பட்டபோது, தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரும் பங்கு கொண்டார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் பட்ட துன்பத்தை இப்பகுதியார் மறந்திரார். ஏரிகளைக் காப்பது அரசியலமைப்பு கூறும் கடமைகளுள் ஒன்று என்று மனப்பாடம் செய்யும் மாணவர்கள், தம் ஊர் ஏரிக்கு நீர் எவ்வழி வருகிறது, எவ்வழி வெளியேறுகிறது என்று நடந்து பார்த்துக் குறிப்பெடுத்து, அதைப் பெற்றோர் வாயிலாகப் பகுதி சபையில் வைப்பார்களாயின், அப்பாடம் என்றும் மறவாது.

ஆண்டுதோறும் கூட்டுறவு வார விழா நவம்பர் 14-ஆம் நாள் தொடங்குகிறது. குழந்தைகள் தினமும் அதுவே. கொடியேற்றுவதோடும் இனிப்பு வழங்குவதோடும் அந்நாளை முடித்துவிடாமல், ஒவ்வொரு சங்கமும் ஒரு பள்ளியில் ஒரு பண்டகசாலையைத் திறந்து வைக்க முன்வர வேண்டும். நாற்றங்காலைக் கவனியாதவன் விளைச்சலைப் பற்றிக் குறை கூறுவதில் நியாயமில்லை. அடுத்த பொதுப்பேரவையில் இதனை ஒரு தீர்மானமாகக் கொண்டுவருமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.