ஓசிக் குடை

இந்த வாரம் ஒரு குட்டி டெஸ்ட். பயப்படாதீங்க, இன்டர்னல் மார்க்கெல்லாம் கிடையாது. ஒரே ஒரு கேள்விதான்.

நீங்க தூத்துக்குடியில நிக்கிறீங்க. கொழும்புக்குப் போகணும். துறைமுகத்துல ரெண்டு கப்பல் ரெடி. ஒண்ணு நம்ம ஆளுங்க காசு போட்டு வாங்கினது. டிக்கெட் எட்டணா. இன்னொண்ணு வெள்ளைக்காரக் கம்பெனியோடது. டிக்கெட்டே வேணாம், சும்மா ஏறிக்கலாம். ஏறினா ஆளுக்கு ஒரு குடை வேற ஃப்ரீ!

எதுல ஏறுவீங்க?

'இதென்ன கேள்வி, நம்ம கப்பல்லதான்'னு டக்குனு சொன்னவங்களுக்கு ஒரு சல்யூட். ஆனா பதிலை இப்பவே ஃபைனல் பண்ணிடாதீங்க. முதல்ல கணக்கைப் பார்ப்போம்.

ஒரு பங்கு 25 ரூபாய்

கதை என்னவோ நமக்குத் தெரிஞ்சதுதான். ஸ்கூல்ல 'கப்பலோட்டிய தமிழன் - குறிப்பு வரைக'னு அஞ்சு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணி, பரீட்சை முடிஞ்ச மறுநாளே மறந்திருப்போம். அந்த அஞ்சு மார்க் பதில்ல வீரம் இருக்கும், செக்கு இருக்கும், சிறை இருக்கும். பணம் மட்டும் இருக்காது. ஆனா கப்பல் ஓடினதும் பணத்துலதான், நின்னதும் பணத்துலதான்.

தூத்துக்குடி - கொழும்பு கடல்வழி அப்போ பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் கையில் இருந்தது. அவங்க வெச்சதுதான் கட்டணம். அதை எதிர்த்து ஓட்டப்பிடாரத்துக்கார வக்கீல் வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906 அக்டோபர்ல சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு பண்ணினார். மூலதனம் 10 லட்ச ரூபாய். 40,000 பங்குகள், பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் கம்பெனியின் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற வணிகர் மட்டும் 8,000 பங்குகளை வாங்கினார். அதாவது 2 லட்ச ரூபாய்! இன்னைக்கே 2 லட்சம்னா நம்ம வீட்ல எஜுகேஷன் லோன் ஃபார்ம் தேடுவாங்க. அன்னைக்கு அது எவ்வளவு பெரிய தொகைன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

சொந்தக் கப்பல் வர்றதுக்கு முன்னாடி, வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்த்தாங்க. எதிராளி கம்பெனி நெருக்கினதுல கப்பல் கொடுத்தவங்க பின்வாங்கிட்டாங்க. வ.உ.சி. கொழும்புக்குப் போய் வேற கப்பலை வாடகைக்குப் பிடிச்சார். இந்தப் பாடு வேண்டாம்னுதான் 1907-ல் 'காலியா', 'லாவோ' என்ற ரெண்டு கப்பல்களைச் சொந்தமாவே வாங்கினாங்க. ஊரே கொண்டாடுச்சு. பத்திரிகைகள் எழுதுச்சு. இன்னைக்கு பாஷையில சொன்னா, செம ஹிட்!

கல்லாப் பெட்டி யுத்தம்

இங்கேதான் நம்ம குடை வருது.

எதிர்க் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கியது. உடனே அவங்க 'காசே வேணாம், குடையும் தர்றோம்'னு ஆரம்பிச்சாங்க. காலியாவும் லாவோவும் கிட்டத்தட்ட காலியா ஓட வேண்டிய நிலைமை வந்தது. (பேர் ராசி பார்க்காதீங்க பாஸ், அது லத்தீன் பேரு!)

இதுல ஒரு சின்ன இன்ஜினீயரிங் கணக்கு இருக்கு. கப்பல்ல பத்துப் பேர் ஏறினாலும் ஆயிரம் பேர் ஏறினாலும் பாய்லருக்கு நிலக்கரி போட்டே ஆகணும். கேப்டன்ல இருந்து கரி அள்ளுறவர் வரைக்கும் சம்பளம் கொடுத்தே ஆகணும். துறைமுகக் கட்டணம் கட்டியே ஆகணும். ஆள் குறைஞ்சா வரவு குறையும், செலவு குறையாது. நூறு கப்பல் வெச்சிருக்கிறவன் ஒரு ரூட்ல நஷ்டப்பட்டு மத்த ரூட்ல எடுத்துக்குவான். ரெண்டே ரெண்டு கப்பல், ஒரே ஒரு ரூட் வெச்சிருக்கிறவர் எங்கே போவார்? அது திறமைக்கும் திறமைக்கும் நடந்த போட்டி இல்லை. யாரோட கல்லாப் பெட்டி ஆழம்னு பார்த்த போட்டி.

இதுக்கு இன்னைக்கு ஒரு சட்டமே இருக்கு. சந்தையில் ஆதிக்கம் உள்ள ஒரு நிறுவனம், போட்டியாளரை ஒழிக்கிறதுக்காக அடக்க விலைக்கும் கீழே விற்கக் கூடாதுன்னு 2002-ம் வருஷத்துப் போட்டிச் சட்டம் சொல்லுது. வ.உ.சி. காலத்துல அப்படி எதுவும் கிடையாது. இருந்தாலும் வெள்ளைக்கார கலெக்டர்கிட்டதானே போய் மனு கொடுக்கணும்!

குடை வாங்கினவங்க துரோகியா?

அவசரப்படாதீங்க. கொழும்புக்குப் போன எல்லாரும் பெரிய வியாபாரிங்க இல்லை. கூலி வேலைக்குப் போனவங்களும் இருந்தாங்க. அவங்களுக்கு எட்டணாங்கிறது அடுப்பு எரியுற காசு. ஃப்ரீன்னு சொன்ன கப்பல்ல அவங்க ஏறினதைக் குத்தம் சொல்ல நமக்கு அருகதை இல்லை.

அதே சாதாரண ஜனங்க இன்னொரு நாள் என்ன செஞ்சாங்கன்னும் பார்க்கணும். 1908 மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளிச்சது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தாங்க. தூத்துக்குடியில கடைகள் மூடின. துப்புரவுத் தொழிலாளர்களும் ஜட்கா வண்டிக்காரர்களும் வேலைக்குப் போகலை. அன்னன்னைக்குச் சம்பாதிச்சு அன்னன்னைக்குச் சாப்பிடுறவங்க. வேலைக்குப் போகலைன்னா அன்னைக்கு ராத்திரி வீட்ல சட்டி காலி. தெரிஞ்சேதான் நின்னாங்க.

அப்போ பாசம் இல்லாம கம்பெனி விழலை. பாசம் நிறையவே இருந்தது. ஆனா பாசத்தை பாய்லர்ல போட்டு எரிக்க முடியாதே! பங்குப் பணமெல்லாம் கப்பலாயிடுச்சு. நஷ்டத்தைத் தாங்க கையிருப்பு போதலை. இன்னொரு பலவீனம், எல்லாமே ஒரே மனுஷனைச் சுத்தி நின்னது. ஒத்தைத் தூண்ல நிக்கிற பாலம் மாதிரி. அந்தத் தூணைத்தான் சர்க்கார் உருவியது. முதலில் 40 வருஷ தண்டனை; அப்பீலில் குறைஞ்சது. அவர் உள்ளே இருக்கும்போதே, 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. எந்தக் கம்பெனியை எதிர்த்துக் கப்பல் வாங்கினாங்களோ, அந்தக் கம்பெனிக்கே 'காலியா' விற்கப்பட்டது. வயிறு எரியுதுல்ல?

1912 டிசம்பர் 24-ல் அவர் விடுதலையானப்போ சிறை வாசல்ல பெருங்கூட்டம் எதுவும் காத்திருக்கலை. வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது.

347 ரூபாய் 12 அணா

பிடிச்ச ஒரு கம்பெனி மூழ்கும்போது ஜனங்க நாலு வகையாப் பிரியுறாங்க. எந்த ஊர், எந்தக் காலம்னாலும் இதே நாலுதான்.

முதல் ஆள், 'நான் அப்பவே சொன்னேன்' பார்ட்டி. இவர் எப்போ சொன்னார்னு யாருக்கும் தெரியாது. ரெண்டாவது, 'ஐயோ பாவம்' பார்ட்டி. கன்னத்துல கை வெச்சுக்கிட்டு பெருமூச்சு விடுவார், அதோட சரி. மூணாவது, 'எவன் காரணம், காட்டு அவனை' பார்ட்டி. கோபம் நியாயமா இருக்கலாம், ஆனா கோபம் கடனை அடைக்காது. நாலாவது ஆள் ரொம்ப ரேர். அவர் கேட்கிறது ஒண்ணே ஒண்ணுதான்: 'எவ்வளவு தேவைப்படுது?'

அந்த நாலாவது ரகத்தைத் தேடினா கடல் தாண்டிப் போகணும். தென்னாப்பிரிக்காவில் பிழைக்கப் போயிருந்த இந்தியர்கள் வ.உ.சி.யின் கஷ்டத்தைக் கேள்விப்பட்டு, ஆளாளுக்கு முடிஞ்சதைப் போட்டு ஒரு தொகை சேர்த்தாங்க. அதை அங்கே இருந்த காந்தியிடம் கொடுத்தாங்க. பணம் உடனே வந்து சேரலை. 1915-ல் காந்தி சென்னைக்கு வந்த சமயத்தில் ஆரம்பிச்சு, இதைப் பற்றி ரெண்டு பேருக்கும் நடுவே கடிதங்கள் போயின, வந்தன. கடைசியா 1916-ல் அந்தப் பணம் வ.உ.சி. கைக்கு வந்தது. தொகை 347 ரூபாய் 12 அணா. வரலாற்று ஆய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி இந்த விவகாரத்தைத் தேடிப் பிடிச்சு ஒரு புத்தகமே எழுதியிருக்கார்.

கால்குலேட்டர் எடுங்க. சுதேசிக் கம்பெனியின் பங்கு விலைக்கு இது 14 பங்குகூட வராது. கப்பலை மீட்க முடியாது. ஆனா முன்பின் பார்க்காத ஒருத்தருக்காகத் தன் கூலியிலிருந்து எடுத்துக் கொடுத்த காசு அது. ஒரு வீட்டு அடுப்பு அதுல எரிஞ்சிருக்கும். ஆயிரம் 'ஐயோ பாவம்' செய்யாததை அந்த 12 அணா செஞ்சது.

இப்போ நம்ம கதை

இன்னைக்கும் படகுக் கம்பெனிகள் மூழ்கத்தான் செய்யுது. ஜெர்மனியின் பெரிய பாய்மரப் படகுக் கம்பெனிகளில் ஒன்றான பவேரியா 2018 ஏப்ரலில் திவால் மனு கொடுத்தது. புது முதலாளி வந்து அந்த வருஷமே பிழைச்சது. நம்ம நாட்டில் குஜராத்தின் ஏபிஜி ஷிப்யார்டு அப்படிப் பிழைக்கலை. 2019-ல் அதைக் கலைக்க கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது.

இந்த மாதிரி நேரத்துல யாருக்கு முதல்ல பணம் போகும் தெரியுமா? 2016-ல் வந்த திவால் சட்டம் ஒரு கியூ போட்டு வெச்சிருக்கு. முதல்ல, திவால் நடவடிக்கைக்கான செலவு. அடுத்து, அடமானம் வாங்கிக் கடன் கொடுத்தவங்களும், தொழிலாளிகளோட கடைசி 24 மாத பாக்கியும் சரிசமமா. பிறகு மற்ற ஊழியர்கள், அப்புறம் அடமானம் இல்லாமக் கடன் கொடுத்தவங்க, அப்படியே நீண்டு, கடைசிக் கடைசியாப் பங்குதாரர். அந்தக் கியூவில் 'ரசிகர்' என்று ஓர் இடமே கிடையாது. ரசிகர் தன் இடத்தைத் தானாத்தான் உண்டாக்கிக்கணும்.

உண்டாக்கினவங்க இருக்காங்க. மைசூரில் எஸ்டி பைக் செய்த ஐடியல் ஜாவா கம்பெனி 1996-ல் மூடப்பட்டது. அதுக்கப்புறம் ரசிகர்கள் பழைய பைக்கைக் காயலான் கடைக்குப் போடலை. ஸ்பேர் தேடினாங்க. மெக்கானிக்குகளுக்கு வேலை கொடுத்தாங்க. கூட்டமா ரைடு போனாங்க. 2018-ல் ஜாவா, 2022-ல் எஸ்டின்னு ரெண்டு பேரும் திரும்ப வந்தப்போ, அந்தப் பேரை மறக்காத ஒரு கூட்டம் ரெடியா இருந்தது.

சரி, நமக்குக் கப்பலும் இல்லை, கம்பெனியும் இல்லை. ஆனா காலேஜ் கேட்டுக்கு எதிரே ஒரு பழைய புத்தகக் கடையோ, மெஸ்ஸோ, ஜெராக்ஸ் கடையோ இருக்கும். மாசக் கடைசியில அக்கவுன்ட் வெச்சுக்கச் சொல்ற அண்ணாச்சி இருப்பார். ஒரு நாள் அந்த ஷட்டர் இறங்கும். உடனே நாம எல்லாரும் ஷட்டரை போட்டோ எடுத்து, 'ஒரு சகாப்தம் முடிந்தது'ன்னு ஸ்டேட்டஸ் போடுவோம். கண்ணீர் பொம்மை மூணு. ஆனா போன ஆறு மாசமா நாம எங்கே வாங்கினோம்? முதல் ஆர்டர் ஃப்ரீ, டெலிவரி ஃப்ரீன்னு எங்கே ஓசிக் குடை கிடைச்சதோ அங்கே!

கையில காசு இல்லாத நேரத்துல ஆஃபர்ல வாங்குறது தப்பே இல்லை. அதைத்தான் மேலேயே பேசிட்டோம். ஆனா காசு இருக்கும்போதும் குடைப் பக்கமே போயிட்டு, ஷட்டர் இறங்கின பிறகு அழுதா, அது அந்த அண்ணாச்சிக்கு எந்த மாசத்து வாடகையையும் கட்டாது.

அதனால இந்த வார அசைன்மென்ட்: உங்களுக்குப் பிடிச்ச, மூடிடக் கூடாதுன்னு நினைக்கிற ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்க. அங்கே போங்க. ஒரு நோட்டோ ஒரு பரோட்டாவோ முழு விலை கொடுத்து வாங்குங்க. பழைய பாக்கி இருந்தா முதல்ல அதைக் கட்டுங்க. வியாபாரம் எப்படிப் போகுதுண்ணேன்னு கேளுங்க. உங்களால முடிஞ்சது 12 அணாதான்னாலும் பரவாயில்லை.

மழை வந்தா? கொஞ்சம் நனைஞ்சுக்கலாம் பாஸ்!