கைநாட்டும் கைச்சுவடும்

இலங்கையில் சிறுவர் தினமும் முதியோர் தினமும் ஒரே நாளில், ஒக்டோபர் முதலாந் திகதியன்று, கொண்டாடப்படுகின்றன. இவ்விரு தினங்களும் ஒரே திகதியில் அமைந்ததன் பொருத்தத்தை நான் பல்லாண்டுகளாக உணர்ந்திருக்கவில்லை. மாத்தளை மாவட்டத்தில், றத்தோட்டைக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றின் சிறுவர் அபிவிருத்தி நிலையத்தில் ஒரு காலைப்பொழுதைக் கழித்த பின்னரே அது எனக்குப் புலப்பட்டது.

சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்பது ஆவணங்களில் உள்ள பெயர். தோட்ட மக்களுக்கு அது இன்றும் 'பிள்ளைக்காம்பரா'தான். தாய்மார் கொழுந்து பறிக்க மலையேறும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. ஆயா ஒருவர் தொட்டில்களை ஆட்டிக்கொண்டிருந்த அறையாக இருந்தது. இன்று பல தோட்டங்களில் அங்கே சிறு மேசைகளும் சுவர்ப்படங்களும் பயிற்சி பெற்ற ஆசிரியையும் உண்டு. 1992இல் அமைக்கப்பட்ட பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் பணிக்கு இம்மாற்றத்தில் பங்குண்டு. குறைகள் பல எஞ்சியிருப்பினும் மாற்றம் மாற்றமே.

நான் சென்ற நாளில் பிள்ளைகள் வர்ணத்தில் கை தோய்த்துக் காகிதத்தில் பதித்துக்கொண்டிருந்தனர். பன்னிரண்டு பேர்; இரண்டு வயது முதல் நான்கு வயது வரை. காய்ந்த பின்னர் பெயரும் திகதியும் எழுதி, சிறுவர் தினத்தன்று வீட்டாருக்கு ஞாபகார்த்தமாகக் கொடுப்பதாக ஏற்பாடு. ஒருத்தி இரு கைகளையும் முழங்கை வரை தோய்த்துவிட்டாள். ஒருவன் ஈர வர்ணத்தைத் தொட மறுத்து அழுதான். ஆசிரியை அவனை வற்புறுத்தவில்லை. காகிதத்தின் மீது அவனது உலர்ந்த கையை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தார். அழுகை நின்று சிரிப்பு வந்தது.

இதைப் பார்த்தபோது, வேறோர் இடத்தில் முன்னர் கண்ட காட்சி நினைவுக்கு வந்தது. நகரத்து முன்பள்ளியொன்றின் கண்காட்சி. சுவர் முழுவதும் இருபதுக்கு மேற்பட்ட கைச்சுவடுகள். அத்தனையும் அச்சில் வார்த்தாற்போல ஒரே அளவான வண்ணத்துப்பூச்சிகள். பிள்ளைகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து அழுத்தி, கலைந்தவற்றைக் கிழித்தெறிந்து, மிஞ்சியவற்றுக்குத் தூரிகையால் திருத்தமும் செய்து ஆசிரியைகளே அவற்றை முடித்திருந்தனர். பெற்றோர் மகிழ்ந்தனர். ஆனால் அந்தச் சுவரில் எந்தப் பிள்ளை இருந்தது?

என் கருத்து எளியது. ஞாபகார்த்தம் என்பது அந்த நாளின் அந்தப் பிள்ளை எப்படி இருந்ததோ அப்படியே அமைய வேண்டும். வழுக்கிய கை, ஒட்டிக்கொண்ட இரு விரல்கள், பதியாத சுண்டுவிரல் எல்லாம் மூன்று வயதின் சாட்சியங்கள். பிழையற்ற வண்ணத்துப்பூச்சி ஆசிரியையின் திறமைக்கே சாட்சி. ஏடு தொடக்கும்போது பெரியவர் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவிக்கிறார். அங்கே வழிகாட்டல் பொருத்தமானது. எழுத்துக்கு ஒரு வடிவம் உண்டு. கைச்சுவட்டுக்கு முன்னரே தீர்மானித்த வடிவம் எதுவும் இல்லை. அந்தக் கைதான் வடிவம்.

இது சிறு விடயம் என வாசகர்கள் எண்ணக்கூடும். மலையகத்தில் இது சிறு விடயம் அன்று என்பதற்குக் காரணம் உண்டு.

இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவிலுள்ள குகையொன்றில் காணப்படும் கைச்சுவடு குறைந்தது 39,900 ஆண்டுகள் பழைமையானது என்று 2014இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். 'நான் இங்கே இருந்தேன்' என்று சொல்லும் ஆசை மனிதனுக்கு அத்தனை பழையது. ஆனால் நம்மை ஆண்டவர்கள் கைச்சுவட்டை வேறொரு தேவைக்கு எடுத்துக்கொண்டனர். 1858இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, ராஜ்யதர் கோனாய் என்ற ஒப்பந்தகாரரின் உள்ளங்கையை மையில் தோய்த்து ஒப்பந்தப் பத்திரத்தில் பதிக்கச் செய்தார். பின்னாளில் அந்த மனிதர் தமது கையொப்பத்தை மறுக்கத் துணியாதபடி அச்சுறுத்துவதே தம் நோக்கமாக இருந்தது என்று ஹெர்ஷலே எழுதியுள்ளார். அங்கிருந்து வளர்ந்த முறையே விரலடையாளம். முதற்சுவடு நினைவுக்காக எடுக்கப்படவில்லை; நம்பிக்கையின்மையால் எடுக்கப்பட்டது.

தோட்ட மக்களின் கைகளும் நீண்ட காலம் இவ்வாறே காகிதத்தைத் தொட்டன. சம்பளத்துக்கும் முற்பணத்துக்கும் கைநாட்டு. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கிய பின்னர், உரிமை கோரிய விண்ணப்பங்களிலும் கைநாட்டு. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இந்தியா செல்வதற்கும் கைநாட்டு. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியோரின் நிலையைச் சீர்செய்யும் வரை அந்தப் பெருவிரல் ஓயவில்லை. எழுத்தறியாதவரைக் குறிக்கும் ஏளனச் சொல்லாகவே 'கைநாட்டு' நம் மொழியில் நின்றுவிட்டது.

2023இல், மலையகத் தமிழர் வரலாற்றின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்து வந்தனர். முன்னோர் காடும் நோயும் கடந்து வந்த பாதை அது. வழியில் மாண்டோர் எத்தனை பேர், அவர்களின் பெயர்கள் யாவை என்பதற்கு முறையான பதிவு இல்லை. பிள்ளைகளின் முகமோ கையோ எதுவும் மிஞ்சவில்லை. லயக்காம்பராக்களில் வாழ்ந்த தலைமுறைகள் பலவற்றிற்குப் புகைப்படமும் இல்லை, காணி உறுதியும் இல்லை. இத்தகைய சமூகத்தில், எவரிடமும் எதையும் கோராத, எதையும் நிரூபிக்க வேண்டியிராத ஒரு கைச்சுவடு வீட்டுச் சுவரில் தொங்குவது சாதாரணமானதன்று.

அதனால்தான் அதைச் செவ்வையாகச் செய்ய வேண்டும் என்கிறேன். முதலாவது, வர்ணம். பிள்ளைகள் கையை வாயில் வைப்பவர்கள். வர்ணங்களில் ஈயத்தின் அளவுக்கு இலங்கையில் 2013 முதல் சட்ட வரம்பு உண்டு. ஆயினும் சுவருக்கும் மரத்துக்கும் பூசும் வர்ணம் எந்நாளும் பிள்ளையின் கைக்கு உரியதன்று. சிறுவர்க்கென விற்கப்படும், நீரில் கழுவக்கூடிய வர்ணமே வேண்டும். மஞ்சளைக் குழைத்தும் பதிக்கலாம். ஆனால் வெளிச்சம் பட்டால் மங்கிவிடும். கோதுமை மாவும் உப்பும் பிசைந்த பலகையில் கை பதிக்கும் முறையும் பரவி வருகிறது. அதில் உப்பு மிக அதிகம். பிள்ளை தின்னாமல் பார்க்க வேண்டும். மலைநாட்டு ஈரத்தில் அது காயுமுன் பூஞ்சணம் பிடிக்கும். காகிதமே நமக்கு உகந்தது.

இரண்டாவது, பின்புறத்தில் பெயர், திகதி, வயது, இடம் ஆகிய நான்கையும் எழுதுங்கள். இவை இல்லாத சுவடு பத்தாண்டுகளில் எவருடையது என்று தெரியாத கறையாகிவிடும். பத்திரிகைத் தொழிலில், குறிப்பு எழுதப்படாத புகைப்படங்கள் பயனற்றுப் போனதைப் பலமுறை கண்டவன் நான்.

மூன்றாவது, முடிந்தால் இரண்டு பிரதிகள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழை மாத்தளை உட்பட மலைநாடெங்கும் மண்சரிவுகளை உண்டாக்கியபோது, சுவரோடு சுவரில் இருந்தவையும் மண்ணுக்குள் போயின. நிலையத்தில் ஒரு பிரதி இருப்பது நல்லது. தாய் வெளிநாட்டில் வீட்டுப் பணிக்குச் சென்றிருந்தால் மற்றதை அவளுக்கு அனுப்பலாம். அன்று நான் கண்ட பன்னிரண்டு தாள்களில் இரண்டு, மத்திய கிழக்குக்குச் செல்லும் கடித உறைகளுக்காக ஒதுக்கப்பட்டிருந்தன.

அவற்றில் ஒன்று, முழங்கை வரை தோய்த்துக்கொண்டாளே, அவளுடையது. அவளை அழைத்துச் செல்ல வந்தவர் அம்மாயி. "நீங்களும் வையுங்க அம்மாயி, முதியோர் தினமும்தானே" என்றார் ஆசிரியை. மூதாட்டி வெட்கத்துடன் சிரித்தார். பின்னர் பழக்கத்தால் பெருவிரலை மட்டும் நீட்டினார். பேத்தி அதை ஏற்கவில்லை. அந்தக் கையை விரித்து, முழுவதுமாக வர்ணத்தில் அழுத்திவிட்டாள். கொழுந்து பறித்து வெடித்த விரல்களின் கீறல்கள் ஒவ்வொன்றும் தாளில் பதிந்தன. "இது எதுக்குங்கையா, என்னா எழுதியிருக்கு இதுல?" என்று என்னிடம் கேட்டார்.

"ஒன்றும் எழுதியில்லை அம்மா, உங்கள் கை மட்டும்தான்" என்றேன்.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்கள் இந்நிலையங்களுக்கு உதவ விரும்பி அவ்வப்போது எனக்கு எழுதுகின்றனர். நன்கொடையாளர் பெயர் பொறித்த பலகைகளைத் தவிர்த்துத் தடித்த காகிதமும் நல்ல வர்ணமும் வாங்கிக் கொடுங்கள். பன்னிரண்டு பிள்ளைகளை அழவிடாமல் வைத்திருக்கும் அந்த ஆசிரியைக்குக் கிடைக்கும் ஊதியம் போதுமா என்ற கேள்வியையும் உரியவர்களிடம் கேளுங்கள். வர்ணம் தீர்ந்துபோனால் மஞ்சள் இருக்கிறது. அவர் போய்விட்டால் அவருக்கு மாற்று இல்லை.