கடன் சங்கத்துக்குள் கட்சிக்கொடி எதற்கு?



நம்ம ஊர் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குச் சொந்தக்காரர் யார் என்று டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் "கவர்மெண்டு" என்பார்கள். மீதிப் பேர் சொசைட்டி செயலாளர் பேரைச் சொல்வார்கள். "நான்தான் சொந்தக்காரன்" என்று சொல்கிற ஆளை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் சட்டப்படி அதுதான் உண்மை. பயிர்க்கடன் பட்டுவாடா ஆகும்போது பங்குத்தொகை என்று ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கையில் கொடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பணம் சங்கத்தின் முதலில் போய்ச் சேர்ந்திருக்கிறது. மூணு மா வைத்திருப்பவனுக்கும் ஒரு ஓட்டு. ரெண்டு வேலி வைத்திருப்பவருக்கும் ஒரு ஓட்டு. பங்கு எத்தனை இருந்தாலும் ஓட்டு ஒண்ணுதான். இந்த நாட்டில் நிலத்தின் அளவைப் பார்க்காமல் நம்மைச் சரிசமமாக உட்கார வைக்கிற இடம் ரொம்பக் குறைவு. அதில் ஒன்றை நாம் கைவிட்டுவிட்டு நிற்கிறோம்.

1904-ல் வெள்ளைக்காரன் காலத்திலேயே கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிற திரூரில் விவசாயிகளுக்கான கடன் சங்கம் தொடங்கப்பட்டது. வட்டிக்காரன் வாசலில் கைகட்டி நின்ற விவசாயி, தன் பணத்தையும் பக்கத்து வீட்டுக்காரன் பணத்தையும் சேர்த்து வைத்து, தங்களுக்குள் ஒருவரைத் தலைவராக உட்கார வைத்துக்கொள்வதுதான் ஏற்பாடு. இன்றைக்குத் தமிழ்நாட்டில் நாலாயிரத்துக்கும் மேல் இப்படிப்பட்ட சங்கங்கள். இவற்றுக்கு மேலே மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கி, அதற்கும் மேலே மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கி. அடிவாரத்தில் நாம்.

அந்த "தங்களுக்குள் ஒருவர்" என்ன ஆனார்? 2001-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களைக் கலைத்தார்கள். 2013-லும் 2018-லும் தேர்தல் நடந்தது. 2023-ல் ஐந்தாண்டு முடிந்ததும் தனி அலுவலரை உட்கார வைத்தார்கள். ஒரு ஆட்சி மாறினால் பழைய குழு எப்போது போகும் என்று பார்ப்பதும், தன் ஆட்கள் தயாராகும் வரை தேர்தலைத் தள்ளிப்போடுவதும் எல்லாக் கட்சிக்கும் பழகிப்போன வேலை. இந்த விஷயத்தில் நாங்கள் யாரையும் தனியாகப் பிரித்துத் திட்டத் தயாராக இல்லை.

2011-ல் அரசியல் சட்டத்துக்கு 97-வது திருத்தம் கொண்டுவந்தார்கள். கூட்டுறவுச் சங்கம் அமைப்பது அடிப்படை உரிமை என்று 19-வது பிரிவில் சேர்த்தார்கள். குழுவின் காலம் முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தலை நடத்து, கலைத்தாலும் ஆறு மாதத்துக்கு மேல் கலைத்து வைக்காதே என்றும் எழுதினார்கள். நல்ல எழுத்து. ஆனால் மாநிலச் சட்டமன்றங்களில் பாதியின் ஒப்புதலை வாங்காமல் செய்த திருத்தம் என்பதால், மாநிலச் சங்கங்களைப் பொறுத்தவரை அந்த ஆறு மாத விதி அடங்கிய பகுதி செல்லாது என்று 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. மாநில அதிகாரத்தில் டெல்லி கை வைக்கக் கூடாது என்பது சரியான தீர்ப்புதான். அதற்காக, மாநிலம் நம் அதிகாரத்தில் கை வைக்கலாம் என்று அர்த்தமில்லை. கூட்டுறவு தன்னாட்சியோடும் ஜனநாயகக் கட்டுப்பாட்டோடும் நடக்க அரசு பாடுபட வேண்டும் என்கிற 43-பி பிரிவு அப்படியே இருக்கிறது.

"தனி அலுவலர் இருந்தா என்னங்க, அவர் படிச்சவர், கட்சி பாக்க மாட்டார்" என்று சிலர் சொல்கிறார்கள். தனி அலுவலர் கெட்டவர் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் ஒரே அலுவலருக்கு நாலு ஊர், அஞ்சு ஊர் சங்கம் என்று தலையில் கட்டினால் அவர் எப்போது நம் ஊருக்கு வருவார்? கடன் மனு மேசையில் கிடக்கும். நாற்று பறித்தாகிவிட்டது, நடவாள் கூலி கொடுக்க வேண்டும். சொசைட்டிக்குப் போனால் "சார் வரல, வியாழக்கிழமை வாங்க" என்பார்கள். வியாழன் போனால் சாருக்கு மாவட்டத்தில் மீட்டிங். ரெண்டாம் உரம் போடுகிற சமயத்தில் கடன் கைக்கு வருகிறது. அதுவரை மூணு வட்டிக்கு வெளியே வாங்கின பணம் நம் கழுத்தில். தவணைக்குள் கட்டினால் பயிர்க்கடனுக்கு வட்டியே இல்லை என்று அரசாங்கம் சொல்வது உண்மை. அந்த வட்டியில்லாக் கடன் வந்து சேர்வதற்குள் நாம் கட்டின வட்டியை யார் கணக்கில் எழுதுவது?

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. தனி அலுவலர் மேலே இருக்கிறவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர். நமக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

சரி, தேர்தல் வந்தால் மட்டும் போதுமா? இங்கேதான் நாம் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

கூட்டுறவுத் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. சட்டத்தின் கண்ணில் அது கட்சி சாராத தேர்தல். நடப்பது என்ன? வேட்புமனு நாளைக்கு முந்தின நாள் ராத்திரி டவுனில் ஒரு கட்சி ஆபீசில் பதினோரு பேர் பட்டியல் தயாராகிறது. அதில் யார் தலைவர் என்பதும் அங்கேயே முடிவாகிறது. ஏனென்றால் தலைவரை நாம் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. அந்தப் பதினோரு பேர்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். மறுநாள் மற்றவர்கள் மனுவோடு போனால் கையெழுத்து சரியில்லை, முன்மொழிந்தவர் உறுப்பினர் இல்லை, நேரம் முடிந்தது என்று ஏதாவது ஒரு காரணம். 2018-ல் மனு வாங்கவில்லை, வாங்கினதையும் காரணமில்லாமல் தள்ளினார்கள் என்ற புகார் பல மாவட்டங்களிலிருந்து வந்தது. நீதிமன்றம் வரை போனது. சாயங்காலம் பலகையில் ஒட்டுவார்கள்: "போட்டியின்றித் தேர்வு". பட்டாசு வெடிக்கும். உறுப்பினர் ஒருவர்கூட ஓட்டுப் போடாமல் ஒரு தேர்தல் முடிந்துபோகும்.

ஊர் ஒன்றாக உட்கார்ந்து பேசி நல்ல ஆளை ஒருமனதாக நிறுத்தினால் அது வேறு. அதை நாங்கள் கையெடுத்துக் கும்பிடுவோம். மனுவே போட விடாமல் வருகிற ஒருமனதுக்குப் பேர் வேறு.

இப்படி உட்கார்ந்த குழு யாருக்குக் கடன்பட்டிருக்கும்? பட்டியலில் பேர் எழுதினவருக்கு. 2021-ல் கூட்டுறவுச் சங்கங்களில் அஞ்சு பவுன் வரை நகைக்கடன் தள்ளுபடி என்று அறிவித்துவிட்டு அரசாங்கம் நகைகளைச் சோதித்துப் பார்த்தது. சில சங்கங்களில் கவரிங் நகை. சில இடத்தில் நகையே இல்லாத பொட்டலம். ஒரே ஆள் பேரில் எண்ணிக்கையில்லாத கடன். பெட்டகச் சாவி யாரிடம் இருந்தது என்று அப்புறம்தான் எல்லாரும் கேட்டார்கள். மாதாமாதம் குழு கூடி, பெட்டகத்தைத் திறந்து, பொட்டலத்தை எண்ணி, எடைபோட்டுப் பார்த்திருந்தால் அத்தனை தூரம் போயிருக்குமா? அதற்குத்தானே பதினோரு பேர்!

"கட்சிக்காரர் தலைவரா இருந்தாத்தான் காரியம் நடக்கும், அவர் போன் போட்டா யூரியா லோடு வரும்" என்பது அடுத்த வாதம். இதில் கொஞ்சம் உண்மை இருப்பதை நாங்கள் மறுக்கவில்லை. லோடு வரும். வந்த லோடு யார் வீட்டுக் களத்தில் இறங்கியது என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். கடன் தள்ளுபடியையும் இவர்கள் தங்கள் சாதனையாகச் சொல்வார்கள். 2006-ல் 6,866 கோடி தள்ளுபடி. அப்போது ஒரு கட்சி ஆட்சி. 2016-ல் சிறு குறு விவசாயிகளுக்கு 5,780 கோடி, 2021-ல் 12,110 கோடி; அப்போது இன்னொரு கட்சி ஆட்சி. மூன்றும் விவசாயிகள் தெருவில் நின்று கேட்டு, தேர்தல் நெருக்கத்தில் வந்தவை. எந்தச் சொசைட்டித் தலைவரும் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கவில்லை. அவர் கையில் இருந்தது ஒன்றே ஒன்று: தள்ளுபடிப் பட்டியலைச் சரிபார்க்கும் வேலை.

கட்சி சாராமல் இருப்பது என்றால் கட்சியே இல்லாத ஆளைத் தேடு என்பதல்ல. அப்படிப்பட்ட ஆள் நம் ஊரில் கிடைப்பது கஷ்டம். நம் விவசாயிகள் சங்கத்திலேயே நாலு கட்சிக்காரர் இருக்கிறோம். சட்டமன்றத் தேர்தல் வந்தால் எதிரெதிர் மேடையில் நிற்போம். கேட்பது இவ்வளவுதான்: கரைவேட்டியை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வா. தன் கட்சிக்காரன் கடன் பாக்கியையும் எதிர்க்கட்சிக்காரன் கடன் பாக்கியையும் ஒரே பேரேட்டில், ஒரே மையில் படிக்கத் தெரிந்த ஆளாக இரு.

நமது விவசாயிகள் சங்கமே ஒரு பட்டியல் போட்டு நிற்கலாமே என்று செயற்குழுவில் தோழர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ரெண்டு கூட்டம் இதையே பேசினோம். பட்டியல் போட்டால் ஜெயிக்கவும் கூடும். ஆனால் நம் ஆட்கள் பதினோரு பேர் உள்ளே உட்கார்ந்த பிறகு, அங்கே தப்பு நடந்தால் வெளியே நின்று கேட்பது யார்? கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று வாங்குகிறவனை எதிர்த்து நாம் மறியல் செய்ய முடிகிறது என்றால், அந்தக் கல்லாவில் நம் கை இல்லை என்பதுதான் காரணம். ஆகவே சங்கத்தின் பேரில் பட்டியல் கிடையாது. நம் உறுப்பினர்கள் தனித்தனியாக நிற்கலாம். சங்கப் பொறுப்பில் இருப்பவர் நின்றால் பொறுப்பை விட்டுவிட்டு நிற்க வேண்டும். இதில் மனத்தாங்கல் உள்ள தோழர்கள் இருக்கிறார்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறோம்.

யாரை நிறுத்துவது? தணிக்கை அறிக்கையைக் கையில் கொடுத்தால் படித்துவிட்டுக் கேள்வி கேட்கிறவரை நிறுத்துங்கள். பேச்சு வன்மை தேவையில்லை. தவணை தவறின பாக்கி உள்ளவர் மனு தள்ளுபடியாகும். அதை முன்கூட்டியே தீர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். குழுவில் பெண்களுக்கு 30 சதமும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 18 சதமும் இடம் உண்டு. இந்த இடங்களை எப்படி நிரப்புகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். தலைவர் வீட்டு அம்மா பேரில் மனு. கூட்டத்துக்கு வருவது வீட்டுக்காரர். தீர்மான நோட்டு மட்டும் வீட்டுக்குப் போய்க் கையெழுத்தாகி வரும். தாய்மார்களே, ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். சங்கத்துக்கு நட்டம் வந்தால் கூட்டுறவுச் சட்டம் 87-வது பிரிவில் தண்டத்தீர்வை போட்டு வசூலிப்பார்கள். அது கையெழுத்துப் போட்டவர் பேரில்தான் வரும். படிக்காமல் போட்ட கையெழுத்துக்கும் அதே வசூல்தான். நாற்றங்கால் முதல் அறுவடை வரை கணக்கு வைத்து வீட்டை நடத்துகிற பெண்களுக்குப் பேரேடு படிப்பது பெரிய காரியமல்ல. நேராக வந்து உட்காருங்கள்.

குத்தகைத் தோழர்களின் நிலைமை இன்னும் மோசம். நிலம் உழுவது நீங்கள், அடங்கலில் பேர் வேறு ஆள். குத்தகைப் பதிவுச் சட்டம் 1969-லிருந்தே இருந்தும், பதிவு இல்லாததால் பயிர்க்கடனும் இல்லை, 'அ' வகுப்பு உறுப்பினர் ஆவதும் இல்லை. நகைக்கடனுக்காக இணை உறுப்பினராகச் சேர்த்திருப்பார்கள்; இணை உறுப்பினருக்கு ஓட்டுக் கிடையாது. இதற்குத் தனியாகவே போராட வேண்டியிருக்கிறது. அடுத்த துண்டறிக்கையில் விரிவாக எழுதுகிறோம்.

தேர்தல் எப்போது அறிவித்தாலும் நம் கழுத்தை அறுக்கப்போவது வாக்காளர் பட்டியல்தான். செத்துப்போனவர் பேர் இருக்கும், அவர் மகன் பேர் இருக்காது. உயிரோடு இருக்கிறவர் பேர் "விடுபட்டது" என்று போயிருக்கும். அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் நாலைந்து நாளில் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே இப்போதே சொசைட்டிக்குப் போங்கள். "என் உறுப்பினர் எண் என்ன, எந்த வகுப்பு, பங்குத்தொகை எவ்வளவு இருக்கு" என்று கேளுங்கள். வாயால் சொன்னால் விட்டுவிடாதீர்கள், எழுத்தில் கேளுங்கள். அப்பா பேரில் இருக்கும் பங்கை மாற்ற இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கொடுத்து ரசீது வாங்குங்கள். தர மறுத்தால் யார், எந்தத் தேதி, என்ன சொன்னார் என்று ஒரு தாளில் எழுதி நம் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள்.

பட்டியலைத் திருத்தி சங்க வாசலில் ஒட்டு, மனு வாங்கும் இடத்தில் உறுப்பினர் முன்னிலையில் வாங்கி ரசீது கொடு, தள்ளுபடி செய்தால் காரணத்தை எழுத்தில் கொடு, கடைசி தணிக்கை அறிக்கையைப் பேரவையில் படி. இந்தக் கோரிக்கைகளோடு, வருகிற அமாவாசைக்கு அடுத்த திங்கட்கிழமை காலை 10 மணிக்குத் துணைப்பதிவாளர் அலுவலகம் முன்பு பெருந்திரள் முறையீடு. கட்சிக் கொடி, கட்சித் துண்டு எதுவும் வேண்டாம். பச்சைத் துண்டு போதும். சொசைட்டி பாஸ்புக்கும் பங்குத்தொகை ரசீதும் இருப்பவர்கள் ஜெராக்ஸ் எடுத்து வாருங்கள். பெரியவர்களை ஏற்றிவர ஊருக்கு ஒரு டிராக்டர் காலை எட்டு மணிக்கு மாரியம்மன் கோயில் திடலில் நிற்கும். மதியச் சாப்பாட்டுக்குக் கிளைக்கு ரெண்டு மரக்கால் அரிசி ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒன்றியப் பொருளாளரிடம் சேர்க்கவும்.

இவண்,
செயலாளர்,
ஒன்றிய விவசாயிகள் சங்கம்